வல்லாரைத் துவையலும் புருஷன் பெயரும்

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மார்த்தாண்டம் சந்தையில் ஒரு கீரைக்காரியின் முன்னால் நான் வாயைத் திறந்தபடி நின்றபோது பிறந்த கதை இது. எனக்கு ஒரு கீரை வேண்டியிருந்தது. பெயர் வரவில்லை. "இலை வட்டமா இருக்கும், வரப்போரம் படரும், ஞாபக சக்திக்குத் தின்பாங்க" என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன்.

"வல்லாரையா? அதுக்க பேரே மறந்து போச்சுன்னா ரெண்டு கெட்டா வாங்கிட்டுப் போங்க சாரே" என்றாள் அவள்.

பக்கத்தில் நின்ற என் மனைவி ஜெயபாய் சிரித்த சிரிப்பில் பாதிச் சந்தை திரும்பிப் பார்த்தது. கீரைக்காரி கட்டை நீட்டிக்கொண்டே, "எங்க ஊருல பண்டு உலகம்மைன்னு ஒருத்தி இருந்தா. கை நடுங்கும், வார்த்தை கிட்டாது. அவ மாப்பிள அவளுக்குத் தின்னக் குடுத்த வல்லாரைக்கு ஒரு வயலு காணாது. கடைசீல என்னாச்சு தெரியுமா?" என்றாள்.

அந்த நேரம் பார்த்து பஸ் வந்துவிட்டது. ஜெயபாய் என் சட்டையைப் பிடித்து இழுத்து ஏற்றிவிட்டாள். கடைசியில் என்ன ஆயிற்று என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பேசாமல் துவையலைத் தின்றுவிட்டுப் படுத்திருப்பேன். எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "திருவிதாங்கூர் ராஜ்யத்தின் தென்கோடியில், பழையாற்றுத் தண்ணீரால் செழித்த நாஞ்சில் நாட்டிலே..." வேண்டாம். பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருக்கிறது.

இரண்டாம் முயற்சி: "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்து வாக்கில், சுசீந்திரத்துக்கு வடக்கே ஒரு சிற்றூரில், தாணப்பன் என்ற சைவ விவசாயி, வெளுத்த வேட்டியும் நெற்றி நிறைய நீறுமாக, வாழ்நாளில் மீன் வாடையைக்கூட..." இதுவும் வேண்டாம். ஆளைக் காட்டுவதற்குள் வேட்டியைக் காட்டிவிட்டேன்.

மூன்றாம் முயற்சி: "உலகம்மைக்குக் கரண்டியின் பெயர் மறந்துபோனது." அப்பாடா, இதுதான். இதைப் பிடித்துக்கொண்டு போவோம்.

உலகம்மைக்குக் கரண்டியின் பெயர் மறந்துபோனது. குழம்புச்சட்டி முன்னால் இருந்தது. "அந்த... இது... கோருகது..." என்று கையை நீட்டினாள். கணவர் ஓடிப்போய்க் குடத்தை எடுத்து வந்தார். இல்லை என்று தலையசைத்தாள். முறத்தை எடுத்து வந்தார். அதுவும் இல்லை. கடைசியில் அவளே எழுந்து, சின்னச் சின்ன அடியாக நடந்துபோய்க் கரண்டியை எடுத்தாள். எடுத்த கை நடுங்கியதில் குழம்பு தரையெல்லாம் கோலம் போட்டது.

கை நடுக்கம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. பிறகு நடை குறுகியது. பிறகு முகம் அசையாமல் போனது. கோபமா சந்தோஷமா என்று பார்த்துச் சொல்ல முடியாது. கடைசியாக வார்த்தைகள் ஒவ்வொன்றாய்க் கைவிட்டன. உள்ளூர் வைத்தியர் இதைக் கம்பவாதம் என்றார். இன்றைக்குப் பார்க்கின்சன் என்கிறோம். காக்காயோடுகூடச் சண்டை பிடித்துப் பேசிக்கொண்டிருந்தவள் உலகம்மை. இப்போது வீட்டில் சத்தமே இல்லை. அது கணவருக்குப் பயமாக இருந்தது.

3

இங்கே ஜான்ரோஸ் வருகிறான். மிஷன் ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் வேலை. அந்த வழியாகச் சைக்கிளில் போகும்போது, உலகம்மையின் கணவர் கூப்பிட்டார் என்று வீட்டுக்குள் நுழைந்தான்.

(எனக்கு இவன்மேல் கொஞ்சம் சந்தேகம் உண்டு. முதல் பிரதியில் இவன் இடத்தில் ஒரு வெள்ளைக்கார டாக்டர் இருந்தார். அவர் பேசிய தமிழை ஜெயபாயிடம் வாசித்துக் காட்டினேன். "இவரு வாயில கொழுக்கட்டையா வச்சிருக்காரு?" என்று கேட்டாள். டாக்டரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டு, அவர் கேட்ட கேள்வியை மட்டும் கழற்றி ஜான்ரோஸுக்கு மாட்டிவிட்டேன்.)

மறதி எவ்வளவு என்று பார்க்க ஆஸ்பத்திரி டாக்டர் என்னென்ன கேட்பார் என்பதை அவன் பார்த்துப் பழகியிருந்தான். இன்றைக்கு என்ன கிழமை? சொன்னாள். என்ன மாதம்? கொஞ்சம் யோசித்துச் சொன்னாள். பிறகு அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஒங்க மாப்பிளைக்க பேரு என்னம்மா?" என்றான்.

உலகம்மை அவனைப் பார்த்தாள், பிறகு கணவரைப் பார்த்தாள்.

"தெரியல்லன்னு வச்சுக்கிடலாமா?"

கணவருக்கு வந்ததே கோபம்! "ஏலே, நீ உள்ளூர்க்காரன்தானே? எந்தப் பொம்பள புருஷன் பேரைச் சொல்லுவா? ஒனக்க அம்மை சொல்லுவாளா?"

(வயசில் சின்னவர்களுக்காக ஒரு குறிப்பு: அந்தக் காலத்தில் மனைவி கணவனின் பெயரை வாயால் சொல்ல மாட்டாள். சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று நம்பிக்கை. ஜெயபாய் என் பெயரைத் தெருமுனைவரை கேட்கும்படி கூப்பிடுகிறாள். என் ஆயுசு எப்படி இருக்கிறது என்று தெரியவில்லை.)

ஜான்ரோஸ் சைக்கிளை எடுத்தான். போகிற போக்கில், "கோவப்படாதீங்க அய்யா. எங்க அம்மையும் சொல்லமாட்டா. ஆனா அவளுக்குத் தெரியும். இவங்களுக்குத் தெரியுமாங்கதுதான் எனக்குத் தெரியல்ல" என்றான்.

அவ்வளவுதான். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. கலியாணமான நாள் முதல் அவள் வாயிலிருந்து தன் பெயரைக் கேட்டதே இல்லை. கேட்கவேண்டும் என்று தோன்றியதும் இல்லை. இப்போது அது அவளுக்குள் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்தே ஆகவேண்டும்போல் இருந்தது.

4

வைத்தியர் இரண்டு விஷயம் சொல்லியிருந்தார். வார்த்தைக்கு வல்லாரை, நடுக்கத்துக்குப் பூனைக்காலி. அடுப்பங்கரைப் பக்கமே எட்டிப் பார்க்காத மனுஷன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். காலையில் வல்லாரைத் துவையல். மத்தியானம் வல்லாரைப் பச்சடி. சாயங்காலம் வல்லாரை நெய், அதை ஒரு வாய் அகன்ற வெண்கலப் பாத்திரத்தில் காய்ச்சுவார்கள், அதன் பெயர் [வரவில்லை, பிறகு நிரப்புகிறேன்]. ஊர் வரப்பில் ஓர் இலை மிச்சமில்லை. உலகம்மை தட்டைத் தள்ளிவைப்பாள். அவர் திரும்ப முன்னால் வைப்பார்.

"தின்னு உலகு. எனக்காகத் தின்னு."

பூனைக்காலி அவ்வளவு சாதுவான சாமான் இல்லை. அந்தக் காயின்மேல் இருக்கிற சுணை பட்டால் உடம்பு பற்றி எரிகிற மாதிரி அரிக்கும். இது ஊரில் சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனால் வேலைக்காரனை அனுப்பாமல் தானே பறிக்கப் போனார் அவர். போனவர் வரப்பிலேயே ஆட ஆரம்பித்துவிட்டார். யாரோ சாணியைப் பூசச் சொன்னார்கள். நெற்றியில் நீறும் மற்ற இடமெல்லாம் சாணியுமாக, காயை மட்டும் மூட்டையாகக் கட்டிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்து நின்றார்.

உலகம்மை பார்த்தாள். முகம் அசையவில்லை. தோள் குலுங்கியது. நடுக்கமாக்கும் என்று நினைத்தார். பிறகு சத்தம் வந்தது. சிரிக்கிறாள்! வாய்விட்டுச் சிரிக்கிறாள்! எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவருக்கும் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கிவிட்டது. சொறிந்துகொண்டே அழுதார்.*

* இதைப் படித்துவிட்டு யாரும் பூனைக்காலி பறிக்கக் கிளம்பவேண்டாம். நடுக்கத்துக்கு உதவும் சரக்கு அந்த விதையில் இருப்பது மெய்தான். அளவு தெரியாமல் தின்றால் ஆபத்து என்பதும் மெய்தான். என் டாக்டரிடம் கேட்டேன். போன வார்த்தையைத் திருப்பிக் கொண்டுவருவேன் என்று எந்தக் கீரையும் எந்தச் சத்து மாத்திரையும் சத்தியம் செய்ய முடியாதாம். காய்கறியும் பழமும் நேரத்துக்குச் சாப்பிடு, தண்ணீர் குடி, நட என்றார். வல்லாரை தின்னலாமா என்றேன். ருசிக்குத் தின்னுங்க என்றார். அதற்கும் ஃபீஸ் வாங்கிக்கொண்டார்.

5

ஜான்ரோஸுக்கு மனசு கேட்கவில்லை. ஒருநாள் ஒரு பாட்டிலோடு வந்து நின்றான்.

"மீனெண்ணெய் அய்யா. மூளைக்கு மீன் நல்லதுன்னு டாக்டர் சொல்லுகாரு."

சைவ வீடு. சைவத் தெரு. அவர் பாட்டிலைப் பார்த்தார், ஜான்ரோஸைப் பார்த்தார், சாமி படத்தைப் பார்த்தார். பிறகு பாட்டிலை வாங்கி நெல்லுப் பத்தாயத்துக்குள் ஒளித்துவைத்தார். "மருந்துதானே... மருந்துக்கு என்ன தோஷம்..." என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். (இந்த இடத்தில் அவருடைய மனப்போராட்டத்தை ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஜெயபாய் கொட்டாவி விட்டாள். எழுதியதை அடித்துவிட்டேன்.)

மறுநாள் காலை, கதவைச் சாத்திக்கொண்டு, தன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஒரு கரண்டி எண்ணெயை அவள் வாயருகே கொண்டுபோனார். உலகம்மை முகர்ந்தாள்.

"மீனு!"

தடுமாறாமல், தேடாமல், மணி அடித்த மாதிரி வந்தது சொல். அடுத்த வீட்டுக்கு மட்டுமல்ல, அதற்கடுத்த வீட்டுக்கும் கேட்டிருக்கும். வெட்கப்பட வேண்டிய மனுஷன் குதித்தார்.

"சொல்லிட்டா! மீனுன்னு சொல்லிட்டா! எல்லாரும் கேட்டேளா!"

சுவருக்கு மேலே பக்கத்துவீட்டு நாகம்மையின் தலை எழுந்தது. "என்னது அத்தான்? ஒங்க வீட்டுலயா? மீனா?"

அவர் காதில் எதுவும் விழவில்லை. பிறந்ததிலிருந்து நாக்கில் வைக்காத மீனின் பெயர் அவளுக்கு நினைவிருக்கிறது. கூடவே இருக்கிற தன் பெயர் இருக்காதா? இருக்கும். இருக்கவேண்டும். கேட்டுப் பார்த்துவிட வேண்டியதுதான்.

6

ஆனால் எப்படிக் கேட்பது? அவருடைய சங்கடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். அவள் பெயரைச் சொல்லாவிட்டால், மறந்துவிட்டாளோ என்று பயம். சொல்லிவிட்டாலோ, சொல்லக்கூடாது என்பதை மறந்துவிட்டாள் என்று ஆகும். சொன்னாலும் மறதி, சொல்லாவிட்டாலும் மறதி. எந்தப் பக்கம் போனாலும் முட்டுகிற சந்தில் மனுஷன் தானாகவே போய் நின்றார்.

அப்புறம்தான் பழைய ஏற்பாடு ஞாபகம் வந்தது. முன்பெல்லாம் ஜனத்தொகை எடுக்கிற ஆளோ வேறு யாரோ வந்து கணவர் பெயர் கேட்டால், உலகம்மை தெற்கே சுசீந்திரம் கோயில் பக்கம் கையைக் காட்டுவாள். அந்தச் சாமியின் பெயரைச் சுருக்கித்தான் அவருக்கு வைத்திருந்தார்கள். நாகம்மை சுவருக்கு அப்பாலிருந்து பெயரை உரக்கச் சொல்லிவிடுவாள். அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் இப்படித்தான். ஒருத்தி காட்டுவாள், இன்னொருத்தி சொல்லுவாள்.

உருளி! நெய் காய்ச்சுகிற பாத்திரம், உருளி. மன்னிக்கவேண்டும், இப்போதுதான் வந்தது. நாலாம் பகுதியில் நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்.

அவர் நாகம்மையைக் கூப்பிட்டார். "நீ கேளு. ஆனா நீ பேரைச் சொல்லீராத. அவ கையைக் காட்டுகாளான்னு மட்டும் பாரு." சொல்லிவிட்டு அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார்.

நாகம்மை பக்கத்தில் உட்கார்ந்து உலகம்மையின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எக்கா, அத்தானுக்க பேரு என்னக்கா?"

உலகம்மை அவளையே பார்த்தாள். உதடு அசைந்தது. மூடியது. பிறகு நாகம்மையின் பிடியிலிருந்து கையை மெல்ல உருவி, நடுங்க நடுங்கத் தூக்கி, தெற்கே நீட்டினாள்.

தெற்கேதான் சுசீந்திரம். தெற்கேதான் அடுப்பங்கரையும், துவையல் தட்டு அங்கேதான் இருக்கிறது. அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னால்தான் அவரும் நிற்கிறார்.

7

இனி முடிவு.

(அ) உலகம்மை வாயைத் திறந்து கணவரின் பெயரைக் கணீரென்று சொல்லிவிடுகிறாள். அவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து அழுகிறார். — ஜெயபாய் இதை ஏற்கவில்லை. "அவ சொல்லமாட்டா. சொன்னா அது உலகம்மையே இல்ல."

(ஆ) "தொவையலு வேண்டாம்" என்கிறாள். — சிரிப்பு வரும். ஆனால் அவ்வளவு வல்லாரை அரைத்த மனுஷனுக்கு இதைச் செய்ய எனக்கு மனசு வரவில்லை.

(இ) "கை எதுக்கு அந்தப் பக்கம் போச்சுன்னு கேட்கியளா? கதவுக்குக் கீழ அவருக்க காலு தெரிஞ்சிருக்கும். அவரைத்தான் காட்டுகா" என்றாள் ஜெயபாய். பிரமாதமான முடிவு. நான் யோசித்தது இல்லை என்பதால் போடவில்லை.

மார்த்தாண்டத்துக்குத் திரும்பவும் போய்க் கீரைக்காரியையே கேட்டேன். "கடைசீல உலகம்மைக்கு என்னம்மா ஆச்சு?"

"எந்த உலகம்மை சாரே?" என்றாள் அவள்.

ஆகவே உங்களிடம் வருகிறேன். ஏற்பாடு உங்களுக்குத் தெரியும். ஒருத்தி காட்டினால் இன்னொருத்தி சொல்லவேண்டும். உலகம்மை காட்டிவிட்டாள். நாகம்மை சொல்லக்கூடாது என்று அவரே வாயைக் கட்டிவிட்டார். நீங்கள் அவருக்கு மனைவி இல்லை, உங்களுக்கு ஒரு தடையும் கிடையாது. அவர் பெயர் என்ன?

ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறேன், வேண்டாம் என்று பாதியில் விட்ட ஒரு வாக்கியத்தில். மேலே போய்ப் பார்க்கக்கூடாது. வேண்டுமானால் சுசீந்திரம் பக்கம் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாக்கு நுனியில் நிற்கிறதா? நிற்கும். உலகம்மைக்கும் அப்படித்தான் நின்றிருக்கும். கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். அவளுக்குக் கை வலிக்கிறது. அவர் கதவுக்குப் பின்னால் காதை வைத்துக்கொண்டு நிற்கிறார்.