தூக்கிவிட்ட கை

மச்சினன் மேடையேறினாலே மைக்காரருக்கு வயிறு எரியும்.

சபையில் ஆம்ப்ளிஃபையர் பெட்டியைக் கவனித்துக்கொள்வதால் அவருக்கு அந்தப் பெயர். மற்ற நாட்களில் ரேடியோ, மின்விசிறி பழுதுபார்க்கும் கடை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம் வரும். யாராவது எழுந்து, கர்த்தர் தனக்குச் செய்ததைச் சபைக்குச் சொல்லலாம். கொஞ்ச காலமாக அந்த நேரத்தை அப்படியே மச்சினனுக்குப் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டார்கள் போலிருந்தது.

மச்சினன், மைக்காரர் மனைவியின் தம்பி. குடிக்காத நாள் கிடையாது என்று பேர் வாங்கியவன். அக்காவின் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய் விற்றுக் குடித்தவன். அப்படிப்பட்டவன் ஒருநாள் மனம் திரும்பினான். குடியை விட்டான், தலையைப் படிய வாரினான், வெள்ளைச் சட்டை போட்டான். இப்போது அக்கம்பக்கத்துச் சபைகளிலிருந்துகூட அவனைக் கூப்பிட ஆள் வருகிறது.

"சாக்கடையில கிடந்தேங்க. மழை கொட்டுது. நாய்கூட என்னை மோந்து பாத்துட்டு விலகிப் போச்சு. அப்பதான் கர்த்தர் தன்னோட கையை நீட்டி என்னைத் தூக்கினாரு!"

சபை முழுக்க அல்லேலூயா. முன்வரிசையில் கைக்குட்டைகள் வெளியே வந்தன. பாஸ்டர் ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டார்.

கர்த்தர் தூக்கினாராம்! மைக்காரர் பல்லைக் கடித்தார். அந்த மழையில் அவனைத் தோளில் போட்டு, மாடிப்படி ஏற்றி, நாற்றம் போகக் குளிப்பாட்டிப் படுக்க வைத்தது யார்? அன்றைக்குப் பிடித்துக்கொண்ட இடுப்பு இன்னும் விடவில்லை. குனிந்தால் நிமிர முடியாது. கர்த்தருக்கு இடுப்பு வலித்ததா? அவனிடம் சொல்லிவிடலாம் என்றால், "திருந்தி வந்தவனைக் குத்திக் காட்டாதீங்க" என்று மனைவி வாயை அடைத்துவிட்டாள்.

தொலைந்துபோன ஒற்றை ஆட்டைத் தேடி மேய்ப்பன் போனதைப் பாஸ்டர் பிரசங்கம் செய்யும்போதெல்லாம் மைக்காரருக்கு ஒரே கேள்விதான். தொலையாமல் ஒழுங்காக நின்ற மற்ற ஆடுகளுக்கு அன்றைக்கு யார் தண்ணீர் காட்டினார்கள்? சின்ன வயதிலிருந்து பொய் சொன்னதில்லை, குடித்ததில்லை, ஆராதனைக்கு ஒருநாள் தாமதமாக வந்ததில்லை. அவரை யாரும் கட்டிக்கொண்டதும் இல்லை. "அண்ணே, மைக் கொஞ்சம் இரையுது" என்பதுதான் சபை அவரிடம் பேசிய அதிகபட்சப் பேச்சு.

ஆற்றாமைக்கு அவர் கண்டுபிடித்த மருந்து வால்யூம் குமிழ். மச்சினன் அழத் தொடங்கும் இடம் பார்த்து அதை ஒரு நூல் குறைப்பார். பின்வரிசைக்காரர்கள் காதைத் தீட்டிக்கொண்டு தவிப்பதைப் பார்த்தால் அவருக்கு மனசு கொஞ்சம் குளிரும்.

அந்த மருந்தும் ஒரு ஞாயிறு பலிக்கவில்லை. மச்சினன் மைக்கே இல்லாமல் கத்தி அழுதான், சபையும் கூடவே அழுதது. "இன்னும் யாருக்காவது சாட்சி உண்டா?" என்றார் பாஸ்டர். கால்கள் தாமாக எழுந்த மாதிரி மைக்காரர் மேடைக்குப் போனார்.

"நானும் குடிகாரன்தான்" என்றார்.

சபை மூச்சைப் பிடித்தது. அந்த நிசப்தம் அவருக்குத் தேனாக இனித்தது.

"யாருக்கும் தெரியாம வருஷக்கணக்காக் குடிச்சேன். கடையில ஒளிச்சு வச்சு, மூணு பாட்டில் பிராந்தியை ஒரே மூச்சுல குடிப்பேன். கர்த்தர் என்னை மன்னிச்சாரு!"

அல்லேலூயா கூரையில் மோதியது. பாஸ்டர் ஓடி வந்து கட்டிக்கொண்டார். தோளில் எத்தனையோ கைகள் விழுந்தன. யாரோ அவருக்காகவும் அழுதார்கள். இத்தனை காலம் இதற்குத்தானே ஏங்கினார்! மனைவி பார்க்கிறாளா என்று தேடினார். அவள் உட்கார்ந்திருந்த இடம் காலியாக இருந்தது.

வீட்டில் அலமாரி திறந்து கிடந்தது. துணியெல்லாம் தரையில். அவள் கட்டிலுக்கு அடியில் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள்.

"எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"அட, நான் குடிச்சதே இல்ல. சும்மா சொன்னேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. "எங்கப்பாவும் இதையேதான் சொன்னாரு. கடைசி நாள் வரைக்கும் சொன்னாரு."

அவளுடைய அப்பா குடித்தே செத்தவர். பெண் பார்க்கப் போனபோது அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. குடிப்பாரா என்று மட்டும் கேட்டாள். அந்த ஒரு 'இல்லை'யின் மேல்தான் அவள் இத்தனை வருஷம் நிம்மதியாகத் தூங்கினாள். ஒரு கைதட்டலுக்காக அதைத் தன் கையாலேயே இடித்துப் போட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு அவள் அவரோடு பேசவில்லை. சாப்பாடு மேசைக்கு வந்தது, பேச்சு வரவில்லை. கடையிலிருந்து வந்ததும் சட்டையை வாங்கி, அவர் பார்க்கவே முகர்ந்தாள். அதற்கு அவள் நாலு அறை அறைந்திருக்கலாம்.

வாரத்தின் நடுவில் மச்சினன் கடைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"மூணு பாட்டில் ஒரே மூச்சுலயா மச்சான்? அப்படிக் குடிச்சா மறுநாள் சாட்சி சொல்ல முடியாது. அடக்க ஆராதனைதான்." சிரித்துவிட்டு, சட்டென்று நிறுத்தினான். "வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டீங்களே. எதுக்கு?"

அவர் ரேடியோவைத் திருகிக்கொண்டே இருந்தார். "உங்கக்கா நம்ப மாட்டேங்கிறா. நீ சொல்லு. உன் பேச்சுக்குத்தான் இப்ப மதிப்பு."

"சொல்றேன். அப்புறம் எதுக்குப் பொய் சொன்னாருன்னு கேப்பாளே. அதுக்கு நான் என்ன சொல்ல?"

மைக்காரருக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "கர்த்தர் தூக்கினாருன்னு ஊர் ஊராப் போய்ச் சொல்றியே, அன்னைக்கு உன்னைத் தூக்கினது யாரு தெரியுமாடா?"

"தெரியுமே" என்றான் மச்சினன். "போதையில கண்ணுதான் தெரியல. மூக்கு வேலை செஞ்சுது. நீங்க உருக்குற ஈயத்தோட வாசனை, உங்க சட்டையில. என்னை மாதிரி ஒருத்தனை, தையல் மெஷினையே வித்தவனை, நீங்க எதுக்குத் தூக்கணும்? மனுஷன் செய்ற வேலையா அது? அதனாலதான் மச்சான் கர்த்தரோட கைன்னு சொல்றேன். உங்களுக்குப் புரியும்னு நினைச்சேன்."

மைக்காரர் கையிலிருந்த திருப்புளி மேசையில் விழுந்தது. ஒவ்வொரு ஞாயிறும் அவன் இவரைத்தான் சொல்லியிருக்கிறான். ஒவ்வொரு ஞாயிறும் இவர் அந்தச் சத்தத்தைத்தான் குறைத்திருக்கிறார்.

அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் அவர் மறுபடியும் எழுந்தார். இன்னொரு கதை வருகிறது என்று சபை நிமிர்ந்து உட்கார்ந்தது.

"நான் ஒரு சொட்டுகூடக் குடிச்சதில்ல. போன வாரம் சொன்னது பொய்."

யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"என் மச்சினன் பேர்ல பொறாமை. அவன் பேசுறப்ப வால்யூமைக் குறைச்சேன். அது மட்டும் இல்ல. அவன் மறுபடியும் குடிச்சுட்டு விழமாட்டானான்னு காத்துக்கிட்டிருந்தேன். விழுந்தா நான் போய்த் தூக்கலாம். அப்பவாவது எல்லாரும் என்னைப் பார்ப்பீங்கன்னு..."

குரல் உடைந்து காற்றாகிவிட்டது. ஆம்ப்ளிஃபையர் பக்கம் ஒரு கை குமிழைத் திருகியது. மச்சினனின் கை. மைக்காரர் மூச்சு விடுவதுகூட மண்டபத்தின் கடைசி நாற்காலிவரை கேட்டது.

"ஆண்டவரே, நான்தான் பாவி. என்னை மன்னிச்சிடும்" என்று சொல்லி முழங்கால் போட்டார். அழுதார். அழுது முடித்து எழுந்திருக்கப் பார்த்தால் இடுப்பு பிடித்துக்கொண்டது. அப்படியும் இல்லை, இப்படியும் இல்லை. சபை என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

மச்சினன் பாய்ந்து வந்து அக்குளில் கைகொடுத்தான். இன்னொரு பக்கம் ஒரு கை வந்தது. திரும்பிப் பார்க்காமலே அது யாருடையது என்று அவருக்குத் தெரிந்தது.

"எந்திரிங்க" என்றாள் மனைவி. ஒரு வாரம் கழித்து அவள் அவரிடம் பேசிய முதல் வார்த்தை.

ஆராதனை முடிந்து வாசலில் பாஸ்டர் கேட்டார். "இடுப்பு எப்படி இருக்கு? நல்லவேளை, உங்க மச்சினன் ஓடி வந்து தூக்கினாரு."

"மச்சினனா?" என்றார் மைக்காரர். "கர்த்தர் தூக்கினாரு பாஸ்டர்."

பின்னால் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த மச்சினன் இடுப்பில் கைவைத்துக்கொண்டு முனகினான்.

"ஆமாமா, அவருதான் தூக்கினாரு. வலி மட்டும் எனக்கு."