பத்து கெஜம் யாருக்கு?

எமில் இறந்து ஒரு வருடம் ஆகிறது. இன்னும் கடையில் சாமான் வாங்கும்போது யாராவது என்னை நிறுத்தி, உங்கள் வீட்டுக்காரரின் குரல் காதிலேயே இருக்கிறது என்று சொல்கிறார்கள். முகத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முகத்தை அவர்கள் அதிகம் பார்த்ததும் இல்லை. ஆட்டம் நடக்கும்போது நாங்கள் இருவரும் மைதானத்தின் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் இருப்போம். நான் தொலைநோக்கியில் பார்த்து ஆட்டக்காரனின் சட்டை எண்ணைச் சொல்வேன். அவர் ஒலிபெருக்கியில் பெயரைச் சொல்வார். எங்கள் குடித்தனத்தின் பெரும்பகுதி இப்படித்தான் நடந்தது.

எமிலுக்கு ஸ்டாக்வெல் நகரத்து எஃகு ஆலையில் கிரேன் ஓட்டும் வேலை. வெள்ளிக்கிழமை மாலை ரோலண்ட் தெரு உயர்நிலைப் பள்ளியின் கால்பந்து ஆட்டத்தை அறிவிப்பது சம்பளமில்லாத வேலை. எங்கள் நாட்டுக் கால்பந்தில் காலுக்கு அவ்வளவு வேலை கிடையாது. முட்டை வடிவப் பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒருவன் ஓடுவான், மற்றவர்கள் அவன் மேல் விழுந்து அமுக்குவார்கள். நாலு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேறிவிட்டால் பந்து அந்த அணியிடமே இருக்கும். ரோலண்ட் பையன்கள் பத்து கெஜத்தைத் தாண்டும்போதெல்லாம் எமில் ஒரு கணம் நிறுத்தி, "பத்து கெஜம் யாருக்கு?" என்று கேட்பார். பார்வையாளர் மேடையே இடிவதுபோல் எட்டாயிரம் பேரும் எழுந்து, எதிரணியின் எல்லையைப் பார்த்துக் கையை நீட்டி, "நமக்கு!" என்பார்கள். அப்போதெல்லாம் ரோலண்டை மாநிலத்தில் யாரும் அசைக்க முடியாது. எமில் ஓர் ஆட்டத்தில் முப்பது தடவை கேட்டுவிட்டு, மறுநாள் முழுக்கத் தேனைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருப்பார்.

பிறகு ஆலை மூடியது. பள்ளிகளில் வெள்ளைப் பிள்ளைகளையும் கறுப்புப் பிள்ளைகளையும் சேர்த்துப் படிக்க வைக்கச் சொல்லி நீதிமன்ற உத்தரவு வந்தது. நெடுஞ்சாலை வந்தது. ஜனங்கள் நகரத்துக்கு வெளியே, சோளக்காடாக இருந்த பிரையர்டனுக்குக் குடிபோனார்கள். கேட்டால் ஒவ்வொருவரும் ஒரு காரணம் சொன்னார்கள். சொல்லாத காரணமும் எல்லோருக்கும் தெரியும். எமிலுக்கு அங்கே ஒரு கிடங்கில் வேலை கிடைத்தது என்பது எங்கள் காரணம். அது உண்மைதான். முழு உண்மையா என்று நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதில்லை.

வெற்றியும் எங்களோடு வண்டியேறி வந்தது. ரோலண்டின் பயிற்சியாளரைப் பிரையர்டன் பள்ளி அழைத்துக்கொண்டது. வாத்தியக் குழு ஆசிரியரும் வந்தார். ரோலண்ட் மைதானத்துச் சோளப்பொரி இயந்திரம்கூட ஏலத்தில் வந்துசேர்ந்தது. பிரையர்டன் அணியில் எழுபது பையன்கள். ரோலண்டில் இருபத்து மூன்று. அங்கே விளக்குக் கம்பங்கள் துருப்பிடித்துப்போனதால் ஆட்டத்தைச் சனிக்கிழமை மதியத்துக்கு மாற்றிவிட்டார்கள். பார்க்க வருகிறவர்களை ஒரே பேருந்தில் ஏற்றிவிடலாம் என்று கேள்வி.

எமில் வருடக்கணக்காக வெள்ளிக்கிழமை மாலைகளில் கார் நிறுத்தும் கொட்டகையில் உட்கார்ந்து, ஏற்கெனவே கூராக இருந்த கத்தரிக்கோல்களைத் தீட்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. பிரையர்டன் ஆதரவாளர் சங்கத்தின் தலைவர் நார்பர்ட் ஸ்விக்கிடம் நானே போய்ப் பேசினேன். டயர் கடைக்காரர். ரோலண்டில் எமிலுக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தவர். அதைப் பற்றி அவர் பேசுவதில்லை, தடுப்புச் சுவரில் காரை இடித்தவன் அதைப் பற்றிப் பேசாததுபோல. எமில் பெயரைச் சொன்னதும் நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார். அந்தப் பத்து கெஜத்தை மறுபடி கேட்கலாம் அல்லவா என்றார்.

அங்கேதான் சிக்கல். எமில் கூண்டில் ஏறினார், பெயர்களைத் தப்பில்லாமல் படித்தார், ஆனால் பிரையர்டன் பத்து கெஜம் தாண்டும்போது, "பிரையர்டனுக்கு மீண்டும் முதல் முயற்சி" என்று மட்டும் சொன்னார். ரயில் நிலையத்தில் மூன்றாம் நடைமேடைக்கு வண்டி வருகிறது என்று சொல்வார்களே, அதே குரல்.

இரண்டாவது ஆட்டம் முடிந்ததும் நார்பர்ட் மேலே ஏறி வந்தார்.

"ஏம்ப்பா எமில், ஆட்டத்துக்கு வந்தோமா, சாவு வீட்டுக்கு வந்தோமா? நாப்பது பாயின்ட்ல ஜெயிச்சிருக்கோம். கீழ ஒருத்தர் துக்கம் கேட்கிற மாதிரி என் கையைப் புடிச்சிட்டுப் போறார்."

"பேர் ஏதாவது தப்பா சொன்னேனா?"

"பேர் யாருக்கு வேணும்? அந்தப் பத்து கெஜத்தைச் சொல்லு."

"அது ரோலண்டோடது."

"ரோலண்ட்ல இப்ப அதைக் கேக்க யாரு இருக்கா? எல்லாரும் இங்கதான் இருக்கோம்."

எமில் ஒலிபெருக்கியின் கம்பியைச் சுருட்டினார். நார்பர்ட் கெட்ட மனிதர் அல்ல. ஆனால் சங்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர். அடுத்த ஆட்டத்திலும் கூட்டத்தை எழுப்பாவிட்டால் தன் மைத்துனரை உட்கார வைக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். மைத்துனர் மாட்டுச் சந்தையில் ஏலம் கூறுகிறவர். ஒரு கன்றுக்குட்டிக்கே ஊரைக் கூட்டிவிடுவார்.

அடுத்த ஆட்டம் ரோலண்டோடு. இரண்டு பள்ளிகளும் மோதுவது அதுதான் முதல் தடவை.

வீட்டில் நான் கெஞ்சிப் பார்த்தேன். ஒரே ஒரு தடவை சொல்லிவிடு, இல்லாவிட்டால் மறுபடி கத்தரிக்கோல்தான் என்றேன். கோச்சைக் கொண்டுவந்தோம், சோளப்பொரி மெஷினைக் கொண்டுவந்தோம், அதையும் எடுத்தால் அங்கே என்ன மிஞ்சும் என்று திருப்பிக் கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் கொஞ்சம் வந்தது.

வெள்ளிக்கிழமை மாலை மைதானம் நிரம்பிவிட்டது. ரோலண்ட் பையன்கள் ஒரே பேருந்தில் வந்து இறங்கினார்கள், பாதிப் பேருக்குச் சட்டை பெரிது. அவர்களுடைய பயிற்சியாளர் லூதர் பெட்டிஸ். பள்ளியில் அந்த அணிக்காக ஓடியவர், அவர் பெயரை எமில் நூறு தடவையாவது அறிவித்திருப்பார். லூதர் கீழேயிருந்து எங்கள் கூண்டைப் பார்த்தார், தொப்பியைத் தொட்டார், திரும்பிக்கொண்டார்.

நார்பர்ட் கூண்டுக்குள்ளேயே வந்து எமிலின் பின்னால் நின்றார். பிரையர்டன் பத்து கெஜம் தாண்டும்போதெல்லாம் எமிலின் தோளில் ஒரு தட்டு தட்டினார். எமில் ஒவ்வொரு தடவையும், "பிரையர்டனுக்கு மீண்டும் முதல் முயற்சி" என்றார். இடைவேளையில் இருபத்தெட்டுக்குச் சைபர். நார்பர்ட் என் பக்கம் குனிந்து, மைத்துனர் டை கட்டிக்கொண்டு கீழே முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். தொண்டைக்கு மிட்டாய்கூடக் கொண்டுவந்திருக்கிறாராம்.

மூன்றாம் பகுதியில் ரோலண்டிடம் பந்து வந்தது. மூன்று முயற்சியில் ஒன்பது கெஜம் தள்ளாடி வந்துவிட்டார்கள். இன்னும் ஒரு கெஜம் வேண்டும், இருப்பது ஒரே முயற்சி. மற்ற அணியாக இருந்தால் பந்தைத் தூரமாக உதைத்து எதிரணிக்கு விட்டுவிடும். ரோலண்டில் ஒழுங்காக உதைக்கத் தெரிந்த ஆள் இல்லை. பந்தை ஒரு பொடியனிடம் கொடுத்தார்கள். அவன் மூட்டைகளுக்குள் எலி நுழைவதுபோல் நுழைந்தான், மேலே பத்துப் பேர் விழுந்தார்கள்.

"இருபத்திரண்டு" என்றேன்.

"டெரன்ஸ் மேப்ரி" என்றார் எமில், ஒலிபெருக்கியில்.

நடுவர்கள் குவியலைப் பிரித்தார்கள். தூரத்தை அளக்கும் சங்கிலியைக் கம்புகளோடு கொண்டுவந்து இழுத்துப் பிடித்தார்கள். பந்தின் மூக்கு கம்பை ஒரு விரல் தாண்டியிருந்தது. நடுவர் கை காட்டினார்.

எமில் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பார். சங்கிலியைப் பார்த்தார், பழைய சட்டை நிறத்தைப் பார்த்தார், அவ்வளவுதான்.

"பத்து கெஜம் யாருக்கு?"

பிரையர்டன் கூட்டம் முழுக்க எழுந்தது. மூவாயிரம் கை பிரையர்டனின் சொந்த எல்லையைப் பார்த்து நீண்டது.

"நமக்கு!"

அதற்குப் பிறகு வந்ததைப்போல ஓர் அமைதியை நான் எந்த மைதானத்திலும் கேட்டதில்லை. ஊர்ப் பல் டாக்டர் கையை நீட்டியபடி நின்றார். பாதிரியார் நின்றார். பிரையர்டன் அணியின் தலைவன் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, தன்னுடைய எல்லையையே எதிரிக்குக் காட்டிக்கொண்டு நிற்கும் அம்மாவை வாய் பிளந்து பார்த்தான். ரோலண்ட் பையன்களோ, தங்களைக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். அவர்கள் அதைக் கேட்டதே இல்லையே. ஒருவன் கூட்டத்தைப் பார்த்து முறைத்தபடி இரண்டு அடி வந்தான். லூதர் ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினார், எல்லோரையும் வளைத்து நிற்கவைத்து ஏதோ சொன்னார். சொல்லும்போதே இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதைப் பார்த்த பிறகுதான் கூட்டம் மூச்சுவிட்டது. சிரிப்பு ஒரு மூலையில் தொடங்கி முழு மைதானத்தையும் சுற்றிவந்தது.

எமில் ஒலிபெருக்கியை அணைத்தார். முகம் வெளுத்திருந்தது.

"போச்சு, ரோனி. மாட்டுச் சந்தைக்காரனைக் கூப்பிடு."

"கொஞ்சம் திரும்பிப் பாரு" என்றேன்.

நார்பர்ட் ஸ்விக், ஆதரவாளர் சங்கத் தலைவர், எங்கள் முதுகுக்குப் பின்னால் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். வலது கை தோளுக்கு நேராக நீண்டிருந்தது. நாங்கள் பார்ப்பதைப் பார்த்ததும் மெல்ல இறக்கினார்.

"தோள் பிடிச்சிக்கிச்சு" என்றார்.

கொஞ்ச நேரத்தில் ரோலண்ட் மறுபடியும் பத்து கெஜம் தாண்டியது. எமில் நார்பர்ட்டைப் பார்த்தார். நார்பர்ட் கூரையில் ஒட்டடை தேடினார். கீழே மூவாயிரம் தலைகள் கூண்டைப் பார்த்துத் திரும்பியிருந்தன. லூதர் காதில் கையைக் குவித்து வைத்துக்கொண்டு நின்றார். எமில் கேட்டார். இந்தத் தடவை அவர் தெரிந்தே கேட்டார், கூட்டமும் தெரிந்தே பதில் சொன்னது. பிரையர்டனில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள்கூட எந்தப் பக்கம் கை காட்டுகிறோம் என்று தெரியாமல் காட்டினார்கள். அந்தப் பொடியன் மேப்ரி எல்லைக்குள் விழுந்தபோது ரோலண்டுக்கு அந்த வருடத்தின் முதல் புள்ளிகள் கிடைத்தன. ஆட்டம் நாற்பத்திரண்டுக்கு ஆறில் முடிந்தது. தோற்றவர்கள் ஜெயித்தவர்களைவிட அதிகமாகக் குதித்தார்கள்.

லூதர் படியேறி எமிலிடம் வந்தார். மூச்சு வாங்கியது.

"மிஸ்டர் கோவாலிக், என் பசங்க பஸ்ல ஏற மாட்டேங்கிறாங்க. இன்னொரு தடவை சொல்லச் சொல்றாங்க."

நார்பர்ட் இதுதான் சமயம் என்று இடையில் புகுந்தார்.

"லூதர், ஒரு வார்த்தைதானே. எங்களுக்கும் விட்டுக் கொடேன். பாத்தியே, எல்லாருக்கும் மனப்பாடமா இருக்கு."

லூதர் சிரிப்பை நிறுத்தாமலே சொன்னார்: "கோச்சை எடுத்துட்டீங்க. பேண்டு வாத்தியாரை எடுத்துட்டீங்க. கீழ நிக்கிற சோளப்பொரி மெஷின் முதுகுல என் பேரு கிறுக்கியிருக்கு, போய்ப் பாருங்க. இது மட்டும் எங்ககிட்ட இருக்கட்டும், மிஸ்டர் ஸ்விக்."

நார்பர்ட் தொப்பியைக் கழற்றினார், உள்ளே ஏதோ எழுதியிருப்பதுபோல் பார்த்தார், மறுபடி போட்டுக்கொண்டார். அவர் அன்று நியாயத்துக்காகப் பேசாமல் இருந்தாரா, நீட்டிய கையை நாங்கள் பார்த்துவிட்டதற்காகவா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, மைத்துனரை வீட்டுக்குப் போகச் சொன்னார். பிறகு எமிலிடம், "நமக்குன்னு ஒண்ணு புதுசா கண்டுபிடி. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்" என்றார்.

"எங்க மைதானத்துல சொல்ல ஆளில்ல" என்றார் லூதர். "ஒலிபெருக்கியும் இல்ல. கையில புடிக்கிற குழாய்தான்."

"சனிக்கிழமை எத்தனை மணிக்கு?" என்று கேட்டார் எமில். அன்று அவர் லூதரிடம் பேசியது அது மட்டும்தான்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எமில் காரை ஓட்டிக்கொண்டே புதிது புதிதாகக் கூவிப் பார்த்தார். "பிரையர்டன் பாயுது, எங்க பாயுது?" என்றார். தண்ணீர்க் குழாய் உடைந்ததைப் பற்றிப் புகார் கொடுப்பதுபோல் இருக்கிறது என்றேன். இன்னும் நாலைந்து சொன்னார். எல்லாம் மகா மோசம். எங்கள் தெருவுக்குள் திரும்பியபோது, இருட்டிய பிறகும் எதிர்வீட்டுக்காரர் காரின் விளக்கைப் போட்டுவிட்டு மெஷின் வைத்துப் புல் வெட்டிக்கொண்டிருந்தார். பிரையர்டனில் புல் வெட்டாதவனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள். எமில் காரை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

"மெஷின் நின்னுச்சா?" என்றார், கூண்டுக் குரலில்.

"இதுக்கு என்ன பதில் சொல்லணும்?"

"நிக்கலன்னு சொல்லணும்."

"யாரும் சொல்ல மாட்டாங்க, எமில்."

"பழகுவாங்க. ஒரு அஞ்சு வருஷம் ஆகும்."

அடுத்த வெள்ளிக்கிழமை பிரையர்டன் முதல் பத்து கெஜத்தைத் தாண்டியபோது அவர், "மெஷின் நின்னுச்சா?" என்று கேட்டார். மூவாயிரம் பேரும் பக்கத்து ஆளைத் திரும்பிப் பார்த்தார்கள். கீழே முதல் வரிசையில் ஒருவர் மட்டும் தனியாக எழுந்து நின்று, "நிக்கல" என்று கத்தினார்.

"நன்றி, நார்பர்ட்" என்றார் எமில், ஒலிபெருக்கியில்.