முன்னதாகப் போட்ட ஊசி

எதைச் சொன்னாலும் "அப்புறம் பாத்துக்கலாம்" என்பவனுக்கு வீட்டில் வைத்த பெயர் அப்புறம். தலை நரைத்த பிறகும் அக்கா அவனை அப்படித்தான் கூப்பிட்டாள். அவன் ஆயுசில் முன்கூட்டியே முடித்த காரியம் ஒன்றே ஒன்று. அதில்தான் அக்காவின் பண்ணையே போயிற்று.

பிராய்லர் குஞ்சுகள் வந்து இறங்கிய அன்றுதான் அக்கா வெளியூர் கிளம்பினாள். மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கியிருந்தது.

"பறவைக் காய்ச்சல் மருந்து ஃபிரிட்ஜில இருக்கு. ரெண்டு வாரம் கழிச்சுத்தான் போடணும்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. மறந்துடாதே."

"நான் மறப்பேனா?"

"உன்னைத் தெரிஞ்சுதானே சொல்றேன்."

அக்கா போனதும் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தான். விளக்குச் சூட்டில் மஞ்சள் பஞ்சு உருண்டைகள். கையை நீட்டினால் தானாக வந்து ஏறின. ரெண்டு வாரம் போனால் இதே குஞ்சுகள் ரவுடிகளாகிவிடும். துரத்திப் பிடிப்பதற்குள் இடுப்பு கழன்றுவிடும், கையெல்லாம் கீறல். இன்று என்றால் முக்காலியில் உட்கார்ந்தபடியே முடிக்கலாம். ஊசி ஊசிதானே!

போட்டுவிட்டான். தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ள முடியாததுதான் குறை.

ரெண்டு வாரம் கழித்து அக்கா போனில் கேட்டாள். "ஊசி போட்டாச்சா?"

"போட்டாச்சுக்கா."

"பேசறது என் தம்பிதானா?"

அவள் குரலில் இருந்த பெருமையைக் கெடுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

அடுத்த வாரமே ஒரு காலையில் கொட்டகை சத்தமில்லாமல் கிடந்தது. கோழிகள் தலை வீங்கி மூலைக்கு மூலை சரிந்திருந்தன. அக்கா ஓடி வந்தாள். ரத்தத்தைச் சோதித்த டாக்டரம்மா, ஊசி போட்ட தடமே இல்லை என்றார்.

"என் தம்பி தன் கையால போட்டான். மருந்துதான் போலி!" என்று அக்கா, விஷயம் கேள்விப்பட்டு வந்திருந்த மருந்துக்கடைக்காரரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐஸ் உருகாம நானே கொண்டுவந்து கொடுத்தேனேம்மா." அவர் பில்லை எடுத்து நீட்டினார்.

எல்லோரும் அவரையே பார்த்தார்கள். தம்பி தரையைப் பார்த்தான். பிறகு சொன்னான்: "குஞ்சு வந்த அன்னைக்கே போட்டுட்டேன். சின்னதா இருந்தா பிடிக்கச் சுலபம்னு."

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். "தாய்க்கோழி முட்டைக்குள்ளேயே எதிர்ப்புச் சக்தியைக் கொடுத்து அனுப்பும். அந்தச் சக்தி உடம்புல தெம்பா இருக்கறப்ப ஊசி போட்டா, அதுவே மருந்தை அடிச்சுப் போட்டுடும். குஞ்சு தானா எதையும் கத்துக்காது. தாய் கொடுத்ததும் கொஞ்ச நாள்ல கரைஞ்சுடும். அதுக்காகத்தான் காத்திருக்கச் சொன்னேன்."

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். கடைக்காரரிடம் மட்டும், "மன்னிச்சுக்குங்க" என்றாள்.

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. மருமகன். பெண் குழந்தை.

அக்கா டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார்: கொட்டகைக்குள் போனவர்கள் இப்போதைக்குப் பச்சைக்குழந்தை பக்கமே போகக் கூடாது.

"சந்தோஷம் மாப்பிள்ளை... இல்ல, இப்ப வர முடியாது." குரலைச் சரிசெய்துகொண்டாள். "அப்புறம் வந்து பாக்கறேன்."

அந்தச் சொல் அக்காவின் வாயிலிருந்து வந்து அவன் கேட்டதே இல்லை. வெள்ளைப் பாதுகாப்பு உடுப்பை மாட்டிக்கொண்டு, அப்புறப்படுத்த வந்த ஆட்களோடு கொட்டகைக்குள் போனான். குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். பிடிக்கச் சுலபமாகத்தான் இருந்தது. எதுவும் ஓடவில்லை.