நிலையில் ஒட்டிய பொட்டு

வேல்விழி அந்த வீட்டை முதலில் பார்த்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அவள் புருஷன் மாரிமுத்து பார்த்தது அதற்கு முந்தின வாரம், ஒரு சாயங்காலம். இருவரும் சேர்ந்து போக வாய்க்கவில்லை. அவனுக்குக் கார் கதவுத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை. அவளுக்குச் செல்போன் கோக்கும் லைனில். அவன் கம்பெனியில் வாரம் ஒருமுறை ஷிப்ட் மாறும், அவள் கம்பெனியில் மாதம் ஒருமுறை. கல்யாணமாகி ஏழு வருடம். அதில் பாதிக் குடித்தனம் ஒரகடம் கூட்ரோட்டில், கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில்தான் நடந்தது. அவன் இறங்குவான், அவள் ஏறக் காத்திருப்பாள். நடுவில் பத்து நிமிடம். குழம்பு எந்தச் சட்டியில் இருக்கிறது, கேஸ் தீரப்போகிறது, ஊரிலிருந்து அக்கா பேசினாள் என்று எல்லாவற்றையும் அதற்குள் சொல்லிவிட வேண்டும்.

ஊரில் வேல்விழியின் அக்கா அன்னக்கிளியிடம்தான் இவர்கள் மகள் தென்றல் வளர்கிறாள். விளாத்திகுளத்தில் அக்காவுக்குத் தையல் வேலை. பால் மறந்த கையோடு கொண்டுபோய் விட்டது. இப்போது அஞ்சரை வயது. அக்காவை அம்மா என்கிறாள். வேல்விழி அவளுக்கு மெட்ராஸ் அம்மா. ஒரகடம் வேறு, மெட்ராஸ் வேறு என்று சொல்லிப் பார்த்தாகிவிட்டது. பிள்ளைக்கு எல்லாம் ஒன்றுதான்.

இருக்கும் வாடகை அறை பத்துக்குப் பத்து. நாலு குடித்தனத்துக்கு ஒரு கக்கூஸ். அதில் பிள்ளையைக் கொண்டுவந்து எங்கே விடுவது? சொந்த வீடு ஒன்று அமைந்தால் வருகிற ஜூனில் ஒண்ணாப்பு இங்கேதான் என்று வேல்விழி அக்காவிடம் சொல்லியிருந்தாள். பகலில் மட்டும் வேலை இருக்கும் ஜெனரல் ஷிப்ட் வேண்டும் என்று கம்பெனியில் எழுதியும் கொடுத்துவிட்டாள். அதற்குப் போனால் ஓடி என்கிற ஓவர்டைம் கிடையாது, ராத்திரிப்படி கிடையாது. பேங்க் கடன், பி.எஃப், கையிருப்பு எல்லாம் கூட்டி, முப்பத்தோரு லட்சத்துக்குள் வீடு முடிந்தால் அந்தக் குறைந்த சம்பளத்தில் தாக்குப்பிடிக்கலாம். அதற்கு மேலே போனால் முடியாது.

படப்பையைத் தாண்டி ஒரு மண் தெருவில் இருந்தது வீடு. ரெண்டு அறை, சமையல்கட்டு, மாடிப்படி. சொந்தக்காரி கோவிந்தம்மா பக்கத்துத் தெருவில் இருக்கிறவள். சாவியைக் கொடுத்துவிட்டு, "நீ உள்ள போய் பாரும்மா, நான் தோ வரேன்" என்று வாசலில் நின்று போனில் பேச ஆரம்பித்தாள்.

சமையல்கட்டு ஜன்னல் வழியாக வெயில் தரையில் விழுந்திருந்தது. வேல்விழி அந்த வெயிலில் கொஞ்சநேரம் சும்மா நின்றாள். எந்தத் தட்டில் எந்த டப்பா என்று வைத்துப் பார்த்தாள். பிறகு உள் அறைக்குப் போனாள். கதவு நிலை வேப்ப மரம். அதில் சாய்ந்து நின்றாள்.

போன வாரம் அக்கா தையல் டேப்பால் பிள்ளையை அளந்து சொல்லியிருந்தாள். நாற்பத்திரண்டு இஞ்சு. வாடகை அறையில் டேப் வைத்துப் பார்த்தபோது, வேல்விழியின் தாலிச் செயின் முடிகிற இடம் அதே நாற்பத்திரண்டு. இப்போது செயின் நுனியை விரலால் நிலையோடு அழுத்திப் பிடித்தாள். நெற்றியில் இருந்த மெரூன் பொட்டை எடுத்து அந்த இடத்தில் ஒட்டினாள். யோசித்துச் செய்யவில்லை. செல்போன் லைனுக்குள் பொட்டு வைத்துக்கொண்டு போகக் கூடாது. வாசலில் கழற்றிவிட வேண்டும். லாக்கர் கதவு, பஸ் ஜன்னல் என்று கண்ட இடத்தில் ஒட்டி ஒட்டிக் கைக்குப் பழகிவிட்டது.

"இன்னாம்மா, பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்க்கா." வேறு எதுவும் பேசாமல் சாவியைக் கொடுத்தாள்.

ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்த பிறகுதான் போனைப் பார்த்தாள். மாரிமுத்து குரல் செய்தி அனுப்பியிருந்தான். "ஏ புள்ள, வீடு புடிச்சாலும் மூஞ்சில காட்டிக்கிடாத. புரோக்கர் புருஷோத்தமன் ஒரு வழி சொல்லியிருக்காரு. உனக்குப் புடிக்கலன்னு சொல்லித்தான் நான் வெலயக் கொறைக்கப் போறேன். நேத்தே சொல்லணும்னு நெனச்சேன், உன் பஸ்ஸு சீக்கிரமா வந்துட்டு."

"நான் ஒண்ணும் பேசலங்க" என்று அவள் பதில் அனுப்பினாள். அது உண்மைதான். பொட்டு நினைவில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவன் ஓடியை விட்டுவிட்டு வந்தான். இருவரும் சேர்ந்து அந்தத் தெருவில் நடந்தது அதுதான் முதல் தடவை.

"மூஞ்சிய உம்முன்னு வச்சுக்க."

"எப்பவும் அப்படித்தான இருக்கு."

"இன்னிக்கு இன்னுங் கொஞ்சம்."

புரோக்கர் புருஷோத்தமன் முன்னமே வந்து படியில் உட்கார்ந்திருந்தார். கோவிந்தம்மா கதவைத் திறந்துவிட்டாள். மாரிமுத்து நுழைந்ததும் சுவரைத் தட்டினான். பிரஸ் ஷாப்பில் தகட்டைத் தட்டித் தட்டி அவனுக்கு அது ஒரு பழக்கம்.

"பூச்சு சரியில்லக்கா. தட்டுனா சத்தம் வேற மாதிரி கேக்கு."

"செவுத்த தட்டினா சத்தம் வராம, பாட்டா வரும்?"

"தண்ணி?"

"போரு எரநூத்தி இருவது அடி. சித்திரை வெயில்லயும் நிக்கல. எதிர் வூட்டாண்ட போய் கேட்டுக்கோ."

அவன் குழாயைத் திறந்தான், மூடினான். மாடிக்குப் போய் இறங்கினான். பிறகு பெருமூச்சு விட்டான். வேல்விழிக்கே அது கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது.

"எனக்குப் பரவால்லக்கா. இவளுக்குத்தான் மனசே இல்ல. சமையக்கட்டு இருட்டா இருக்குங்கா. தெரு சரியில்லங்கா. காலைலேருந்து இவளச் சரிக்கட்டித்தான் கூட்டியாந்தேன். நீங்க முப்பத்தி மூணரை சொல்லுதீக. முப்பத்தொண்ணுன்னா ஒருவழியா ஒத்துக்கிடுவா."

வேல்விழி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் நின்ற இடத்துக்கு ரெண்டடி தள்ளி, இருட்டு என்று அவன் சொன்ன சமையல்கட்டிலிருந்து வெயில் நீண்டு வந்து கிடந்தது.

கோவிந்தம்மா அவனை விட்டுவிட்டுப் புரோக்கர் பக்கம் திரும்பினாள். "ஏன்டா புருஷோத்தமா, போன வாரம் இட்டாந்தியே ஒரு சூப்பர்வைசர், அவரு சம்சாரத்துக்கும் புடிக்கல. அதுக்கு முன்ன வந்தாரே தண்டலம் காலேஜ் வாத்தியாரு, அவரு சம்சாரத்துக்கும் புடிக்கல. எந்தப் பொம்பளைக்குமா என் வூடு புடிக்காது? வேற பாட்டு எதுனா கத்துக் குடுடா."

புருஷோத்தமன் கழுத்தைச் சொறிந்தார். "நெசமாவே சில பேருக்குப் புடிக்காதுக்கா."

"சத்தியமா அக்கா," என்றான் மாரிமுத்து. "வேணும்னா அவளையே கேளுங்க."

"அவளை இன்னாத்துக்கு கேக்கணும்? நீ இங்க வா தம்பி."

உள் அறை நிலைக்கு அவனைக் கூட்டிப்போனாள். வேல்விழிக்கு அப்போதுதான் பொட்டு நினைவுக்கு வந்தது. நிலையில் மெரூன் பொட்டு இருந்தது. கோவிந்தம்மா அதை விரலால் காட்டிவிட்டு, வேல்விழியின் நெற்றியைக் காட்டினாள். அதே மெரூன்.

"அன்னிக்கு பூட்டறப்போ பாத்தேன். புடிக்காத வூட்ல எவளாவது பொட்ட ஒட்டிட்டுப் போவாளா?"

"லைனுக்குள்ள போறப்ப கழட்டுவோம்க்கா. அந்தப் பழக்கத்துல…"

"அப்டின்னா மூஞ்சி ஒசரத்துல இல்ல ஒட்டியிருப்ப? இது இன்னா, நெஞ்சுக்குக் கீய?"

வேல்விழி மாரிமுத்துவைப் பார்த்தாள். இனி மறைக்க ஒன்றும் இல்லை.

"எம் மக ஒசரம்க்கா. ஊர்ல இருக்கா. நாப்பத்திரெண்டு இஞ்சு."

மாரிமுத்துவுக்கு இது தெரியாது. அவன் குனிந்து பொட்டைப் பார்த்தான். பொட்டுக்கு முன்னால் காற்றில் கையை வைத்தான், ஒரு தலைமேல் வைப்பதுபோல. அடுத்த நொடி கையை எடுத்துப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"எத்தினி வயசு?"

"அஞ்சரை."

கோவிந்தம்மா பொட்டை இன்னொரு தடவை பார்த்தாள். "பாவமாத்தான் கீது," என்றாள் பிறகு. "ஆனா பாவத்துக்கு வெல கொறைக்க முடியாது தம்பி. இது எம் பொண்ணு ஐஸ்வர்யாவுக்குன்னு நின்னு கட்டினது. ஜல்லி நானே அள்ளிப் போட்டேன். மாப்பிள்ள வூட்டுக்காரங்க, படப்பைல வந்து நாங்க இன்னா பண்ணப் போறோம், காசா குடுத்துடுங்கன்னுட்டாங்க. பங்குனி மாசம் கல்யாணம். முப்பத்தி மூணு. அந்த அம்பதாயிரம் கொறைச்சது கூட இந்தப் பொண்ணுக்காக. உன் வாய்க்கு இல்ல."

"அக்கா, முப்பத்தி ரெண்டு…"

"வோணாம் தம்பி. புடிச்சிருக்குன்னு தெரிஞ்ச பெறவு பேசறதுக்கு இன்னா கீது? வெளிய போய் ரெண்டு பேரும் பேசிகினு வாங்க. சூப்பர்வைசரு சாய்ங்காலம் போன் பண்றேன்னு சொல்லிகீறாரு."

கேட்டுக்கு வெளியே, மின்கம்ப நிழலில் நின்றார்கள்.

"ஒரு பொட்டு," என்றான் மாரிமுத்து. "ரெண்டு லட்ச ரூவாப் பொட்டு. ஒலகத்துல எவளும் வச்சிருக்க மாட்டா."

"நீங்க முன்னாடியே சொல்லியிருந்தா ஒட்டியிருக்க மாட்டேன்ல."

"சொல்லத்தான வந்தேன். உன் டிரைவர் நிக்கவிட்டானா?"

கோபப்பட ஆள் யாரும் இல்லாததால் இருவரும் தெருவைப் பார்த்தார்கள். ஒரு தண்ணீர் லாரி போய்ப் புழுதி அடங்கியது.

"வேண்டாம் புள்ள. வாலாஜாபாத் பக்கம் கொறச்சலா கெடக்காம். ஆற அமரப் பாப்போம்."

"பாக்குததுக்குள்ள அவ இன்னும் நாலு இஞ்சு வளந்துருவா." கழுத்தில் கை வைத்தாள். "செயினு இருக்கு."

"அது தாலிச் செயினு."

"மஞ்சக் கயித்துக்கு என்ன கொறச்சல்?"

"அதுல பாதிதான் அடையும். மீதிக்குக் கம்பெனி சொசைட்டில கடன் வாங்கணும். அப்ப நீ ஜெனரல் ஷிப்ட்டுக்குப் போக முடியாது. நான் ஓடியை விட முடியாது. வீட்டையும் வாடகைக்கு விட்டாத்தான் தாங்கும்." அவன் குரல் இறங்கியது. "அப்ப தென்றல்?"

அது அவளுக்கும் தெரிந்திருந்தது. உள்ளே நிற்கும்போதே கணக்குப் போட்டுவிட்டாள்.

"ஒரு வருசம்தானங்க."

"ஒரு வருசம்னு சொல்லித்தான் அவளக் கொண்டுபோய் விட்டோம்."

அவள் வீட்டுப் பக்கம் திரும்பினாள். திறந்திருந்த கதவு வழியாக உள் அறை நிலை தெரிந்தது. இவ்வளவு தூரத்தில் பொட்டு தெரியாது. ஆனாலும் பார்த்தாள். இந்த வீடு போனால் அந்தப் பொட்டு வேறு யாரோ ஒருத்தியின் நிலையில் இருக்கும். அவள் சுரண்டிப் போடுவாள்.

"இந்த வீட்டையே எடுத்துருவோம்," என்றாள்.

மாரிமுத்து செருப்பால் மண்ணைக் கொஞ்சநேரம் தள்ளினான். பிறகு அவளுக்கு முன்னால் உள்ளே போனான்.

மாசியில் பத்திரம் பதிந்தது. சித்திரையில் நாலு பெண்கள் வாடகைக்கு வந்தார்கள். தெற்கத்திப் பிள்ளைகள், வேறொரு செல்போன் கம்பெனியின் லைனில் வேலை. வேல்விழியை ஹவுஸ் ஓனர்க்கா என்று கூப்பிட்டார்கள். முதல் தடவை கேட்டபோது அவள் யாரையோ சொல்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள்.

ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த வாரம், செல்லக்கனி என்கிற பெண் போன் பண்ணினாள். சமையல்கட்டுக் குழாய் ஒழுகுகிறதாம். வேல்விழிக்கு அந்த மாதம் நைட் ஷிப்ட். காலையில் அறைக்கு வந்து ரெண்டு மணிநேரம் படுத்துவிட்டு, கடையில் வாஷர் வாங்கிக்கொண்டு போனாள். பெண்கள் மத்தியான பி ஷிப்ட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலில் கொடி கட்டி யூனிபார்ம் காயப்போட்டிருந்ததால் சமையல்கட்டுக்கு வெயில் வரவில்லை. மாரிமுத்து சொன்ன பொய் இப்போது நிஜமாகியிருந்தது. அவள் குழாயைக் கழற்றி வாஷரை மாற்றிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு உள் அறைக்குப் போனாள்.

நிலை முழுக்கப் பொட்டுகள். கருப்பு, சிவப்பு, மெரூன். நெற்றி உயரத்தில், தோள் உயரத்தில், தரையில் உட்கார்ந்து தலை வாரும் உயரத்தில். இருபதுக்கு மேல் இருக்கும். லைன் பெண்கள். கண்ட இடத்தில் ஒட்டுகிற கை.

வேல்விழி குனிந்து தேடினாள். மெரூன் மட்டும் ஆறு இருந்தது. அதில் நெஞ்சுக்குக் கீழே மூன்று, ஒன்றுக்கொன்று ரெண்டு விரல் இடைவெளியில். எது தென்றல் என்று தெரியவில்லை. நிலையில் சாய்ந்து நின்று கழுத்துக்குக் கை போனது. செயின் இல்லை. மஞ்சள் கயிறு செயினைவிட நீளமாகத் தொங்கியது. அதை வைத்து அளக்க முடியாது.

"சாரிக்கா," என்றாள் செல்லக்கனி, ஷூவை மாட்டிக்கொண்டே. "அசிங்கமாத்தான் இருக்கு. ஞாயித்துக்கெழம எல்லாத்தையும் சொரண்டி எடுத்துருதோம்."

"வேண்டாம்மா. இருக்கட்டும். ஒண்ணையும் எடுக்காதீங்க."

போன் அடித்தது. அக்கா நம்பர். எடுத்தால் தென்றல். "மெட்ராஸ் அம்மா, நான் ஒண்ணாப்பு போயிட்டேன். கடைசி பெஞ்சு. நான் வளந்துட்டேன்ல, அதான் டீச்சர் கடைசில போட்டுட்டாங்க."

"எம்புட்டு வளந்திருக்க?"

"அம்மா அளக்கேன்னாங்க. நீ எங்க இருக்க?"

"வீட்டுல."

"எந்த வீட்டுல?"

"நம்ம வீட்டுல."

தென்றல் ஏதோ கேட்டாள். அதற்குள் தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. நாலு பெண்களும் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். செல்லக்கனி பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, பூட்டணும்க்கா. பஸ்ஸு நிக்காது."

வேல்விழி போனைக் காதில் வைத்தபடியே வெளியே வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, அந்தப் பெண் பூட்டுவதற்கு வழிவிட்டு நின்றாள்.