கோதண்டத்தின் இடது கால்

தெருப் பெருக்கும் வேலைக்குக் கிளம்புமுன் சொக்கம்மாள் தினமும் செய்கிற முதல் காரியம், புருஷனின் வயிற்றைக் கிள்ளிப் பிடித்து ஊசி போடுவது. கோதண்டம் முப்பது வருஷம் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். தேய்ந்துபோன இடுப்பு மூட்டுக்குப் பதில் செயற்கை மூட்டு வைத்து அனுப்பிய ஆஸ்பத்திரியில், காலில் ரத்தம் கட்டி நுரையீரலுக்கு ஏறிவிடக் கூடாது என்று இருபத்தெட்டு நாள் ஊசியும், மணிக்கொரு தரம் வீட்டுக்குள் நடையும் சொல்லியிருந்தார்கள். நூறு கிலோ மூட்டைக்கு அசராத மனுஷன், விரல் நீள ஊசியைக் கண்டதும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறுவார்.

ஒன்பதாம் நாள், "நீ குத்தினா வலிக்குதுமே. நானே போட்டுக்கறேன், நீ வேலைக்குப் போ" என்றார். அவளும் நம்பினாள்.

பதினான்காம் நாள் மதியம் வேலை முடிந்து வந்தவள், அவருடைய இடது கெண்டைக்காலைத் தொட்டுப் பார்த்தாள். வீங்கிப்போய்ச் சுட்டது. வலது கால் எப்போதும்போல்தான் இருந்தது.

"யோவ், ஊசி போட்டுகினியா இல்லியா?"

கோதண்டம் ஜன்னல் பக்கம் பார்த்தார். "கத்தாழைக்குப் போட்டேன்மே."

"இன்னாது?"

"அந்தப் பூந்தொட்டில கீதே, அதுக்கு. அஞ்சாறு நாளா."

"அப்ப அதுக்கு ரத்தமே கட்டாது. உனுக்குத்தான்யா கட்டிகினு கீது!"

சத்தம் கேட்டு, அவரோடு மூட்டை தூக்கிய கீழ்வீட்டு சுஹைப் தைலக் குப்பியோடு ஏறி வந்தார். "நவுரு அண்ணி. உருவி வுட்டா கலைஞ்சிடும்."

"கைய வெச்ச, ஒடிச்சிடுவேன். கட்டு கலைஞ்சா நேரா நுரையீரல்ல போய் அடைச்சிக்குமாம். தேய்க்காம உடனே தூக்கினு வரச் சொல்லிகிறாங்க டாக்டரம்மா."

மூன்றாவது மாடி. லிப்ட் ஆறு மாதமாக ஓடவில்லை. சுஹைப் குரல் கொடுத்ததும் பழைய கூட்டாளிகள் மூன்று பேர் வந்து சேர்ந்தார்கள். கோதண்டத்தை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நால்வருமாகத் தூக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் இறக்கிவைத்துவிட்டுத் தங்கள் முட்டியைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஒத்த மூட்டைக்கு நாலு ஆளாடா?" என்று கோதண்டம் அதட்டினார்.

"மூட்ட என்னிக்கும் வாயத் தொறந்ததில்ல மாமு. நீயும் மூடிகினு வா" என்றார் தூக்கிய நால்வரில் ஒருவரான டில்லிபாபு.

ஆஸ்பத்திரியில் எடுத்த ஸ்கேனில் ரத்தக்கட்டி தெரிந்தது. இன்னும் மேலே ஏறவில்லை. நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார் டாக்டர். அதுவரை திட்டிக்கொண்டிருந்த சொக்கம்மாளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

வெளியே, தூக்கி வந்த நால்வரும் சுவரைப் பிடித்தபடி நொண்டி நொண்டி வந்தார்கள். நர்ஸ் அவர்களைப் பார்த்ததும், "மூட்டு டாக்டருக்கா? அந்த பெஞ்சுல உக்காருங்க" என்று கை காட்டினாள். பெஞ்சில் ஆளுக்கொரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அட, நம்ம ஹார்பர் ஆளுங்கடா!" என்று அவர்களில் ஒருவர் கூவினார். எல்லோரும் காலை மடக்க முடியாமல் மடக்கி, நகர்ந்து இடம் விட்டார்கள்.