குற்றாலத்தில் பத்திரமாக இருக்கிறது

1941ஆம் ஆண்டு ஜூலை மாதம் 13ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, குற்றாலத்தில் ஒரு புத்தகம் வெளியிடப்பட்டது. அதன் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் ஒரு பொய் அச்சாகியிருக்கிறது. என் குறை அதுதான்.

கடையநல்லூர் ஒலி முகம்மதுப் புலவர் இருபதாண்டுகளாக இயற்றிய 'தறிமாலை' என்னும் நூல், முந்நூறு விருத்தங்களோடு, 'அவருடன் மண்ணில் மறைந்தது. காலன் தமிழுக்குச் செய்த கொடுமை இது' என்று அப்பக்கம் புலம்புகிறது. காலன்மீது பழி போடுவது வசதியானது. அவன் மறுப்பு எழுதமாட்டான். ஆகவே நான் எழுதுகிறேன்.

புத்தகத்தின் பெயர் 'புலவர் நினைவு மலர்'. புலவரின் படம் கிடைக்கவில்லையாம். அந்தக் குறையை நீக்கும்பொருட்டு, பதிப்பாசிரியராகிய தென்காசி வக்கீல் சங்கரபாண்டியா பிள்ளையின் படம் முகப்பில் இடம்பெற்றிருக்கிறது. உள்ளே பன்னிரண்டு கட்டுரைகள். ஒவ்வொன்றும் 'புலவர் எனக்கு எழுதிய கடிதத்தில்' என்று தொடங்கி, 'எனக்கு' என்ற சொல்லைவிட்டு அப்பால் நகராமலே முடிகிறது. சந்திப் பிழைகள் அறுபத்து மூன்று. முப்பத்து நான்கு ஆண்டுகள் தென்காசியில் தமிழ் கற்பித்தவன் ஆதலின் எண்ணாமல் இருக்க இயலவில்லை. ஆயினும் பிழைகளைப் பொறுத்துக்கொள்வேன்.

அந்தப் பன்னிருவர் யார் என்று சொல்ல வேண்டும். வக்கீலுக்குக் குற்றாலத்தில் ஒரு பங்களா உண்டு. ஞாயிறுதோறும் அங்கே கூடி, அருவியில் குளித்து, இட்லி தின்று, இலக்கியம் பேசுவோர் அவர்கள். 'அவர்கள்' என்று எழுதியது தவறு. பதின்மூன்றாவது ஆளாக நானும் இருந்தேன். புலவர் அக்கூட்டத்துக்கு ஒரே ஒருமுறை வந்தார். அருவியில் நனைந்து காய்ச்சலோடு ஊர் திரும்பினார். அதன்பின் அவருடைய கடிதங்களே வந்தன, பன்னிரண்டு ஆண்டுகள். அக்கடிதங்களுக்கென்று வக்கீல் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார்.

தபால் எந்த நாளில் வந்தாலும் உறையைப் பிரிக்கக் கூடாது. ஒட்டியது ஒட்டியபடி வெள்ளித் தட்டில் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் குளித்துத் தலை துவட்டி வந்து உட்கார்ந்த பிறகே வக்கீல் அதைப் பிரித்து உரக்கப் படிப்பார். பிறகு ஒவ்வொருவரும் அக்கடிதத்தின் அழகை எடுத்துரைக்க வேண்டும். யார் பாராட்டு மிகச் சிறந்ததோ அவருக்கே கடிதம் பரிசு. கடிதத்தின் அடியில் புலவர் வழக்கமாகச் சில விருத்தங்களை எழுதியிருப்பார். விருத்தத்தை இசையோடு படிக்க வக்கீலுக்கு வராது. "இதை அப்புறம் நிதானமாப் பாப்போம்" என்று தாளை மடித்துவிடுவார். பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த 'அப்புறம்' ஒருமுறையும் வரவில்லை.

புலவர் நெசவாளி. தறிக்குழியில் கால் மிதிக்க மிதிக்க மனத்திலே பாட்டு அமையும், அங்கேயே நிற்கும். 1939ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அவருடைய கடிதம் ஒன்று வந்தது. ஐந்து நாள் தட்டில் கிடந்தது. ஞாயிறன்று வக்கீல், கோணிக் கிடந்த எழுத்துகளைக் கூட்டிப் படித்தார்:

'கண்ணில் திரை விழுந்துவிட்டது. ஊடும் பாவும் என் விரலுக்குத் தெரியும். எழுத்து என் விரலுக்குத் தெரியாது. பாடல்கள் எல்லாம் மனத்தில் இருக்கின்றன. அசை பிரிக்கத் தெரிந்த ஒருவர் இருபது நாள் வந்து நான் சொல்லச் சொல்ல எழுதினால் போதும். என் வீட்டிலேயே தங்கலாம்.'

படித்து முடித்த வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

"எழுத்து என் விரலுக்குத் தெரியாது. என்னமா எழுதுதாரு பாத்தீரா. இன்னொரு தரம் வாசிக்கட்டா?"

"வாசியும் வே. இட்லி ஆறுனா ஆறட்டும்" என்றார் மரக்கடை பிச்சைமணி முதலியார். "கண்ணு தெரியலைங்கறதை நாம சொன்னா அழுகையா இருக்கும். இவரு சொன்னா அதுவும் அழகாத்தான் இருக்கு."

"வாத்தியாருக்கு இன்னைக்குப் பிழை ஒண்ணும் சிக்கலை போல. மூஞ்சி வாடிக் கிடக்கு" என்று என்னைக் காட்டினார் வக்கீல்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் எழுந்து, அவ்வாக்கியத்தின் இரு பகுதிகளும் தறியின் இரு மிதிகளைப் போல ஒன்று தாழ ஒன்று உயர்வதை விளக்கினேன். கைதட்டினார்கள். கடிதம் எனக்குப் பரிசாயிற்று. மடித்து வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். தென்காசியிலிருந்து கடையநல்லூர் ரயிலில் ஒரு மணி நேரம்கூட இல்லை. எனக்கு அசை பிரிக்கத் தெரியும். ஓய்வு பெற்று நான்காண்டுகள் ஆகியிருந்தன. நாள் முழுவதும் என்னுடையதே. இவை மூன்றும் அன்று என் அறிவுக்கு எட்டவில்லை.

வக்கீல் பதில் எழுதினார், நான்கு பக்கம். 'தங்கள் விரல் வாக்கியம் எங்களை உருக்கிவிட்டது. இதுபோல் இன்னும் பல எழுதி அருள்க' என்பது அதன் சாரம்.

இரண்டு வாரத்தில் புலவரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. 'வாக்கியம் கிடக்கட்டும். ஆள் வருமா?'

"சுருக்கம்னா இதுல்லா சுருக்கம்" என்றார் முதலியார். அந்தக் கார்டு அவருக்குப் பரிசாயிற்று.

அதன்பின் கடிதம் வரவில்லை. "புலவருக்கு நம்ம மேல என்ன கோவமோ" என்று வக்கீல் மூன்று ஞாயிறுகள் வருத்தப்பட்டார். போய்க் கேட்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. 1940ஆம் ஆண்டு மார்கழியில் புலவர் இறந்தார். மலர் வெளியிடத் தீர்மானம் நிறைவேறியது.

மலரின் நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் படித்த அன்று மாலை என் பெட்டியைத் திறந்தேன். நான் வென்ற கடிதங்கள் மூன்று. விரல் வாக்கியம் உள்ள கடிதத்தை, கூட்டமும் கைதட்டலும் இல்லாமல், தனியே உட்கார்ந்து படித்தேன். அது ஒரு கடிதமாக இருந்தது. ஒருவர் ஒன்றைக் கேட்டிருந்தார்.

மறுநாள் கடையநல்லூருக்குப் போனேன். புலவரின் மகள் ஜாஹிரா பீவி, நான் யாரென்று கேட்டறிந்து, கதவுக்குப் பின்னால் நின்றே பேசினார்.

"வாப்பா மவுத்தாயி ஏழு மாசமாச்சு. இப்பத்தான் வாத்தியாரய்யாவுக்கு வழி தெரிஞ்சுதாக்கும்."

கடிதத்தைத் திருப்பிக் கொடுக்க வந்ததாகச் சொன்னேன். பாடல்கள் மறைந்துபோனமைக்கு வருந்துவதாகவும் சொன்னேன்.

"மறைஞ்சு போச்சுன்னு யாரு சொன்னா?"

"புத்தகத்தில் போட்டிருக்கிறது."

கதவிடுக்கிலிருந்து ஒரு கை நீண்டு, பட்டுத்துணி சுற்றிய தடித்த நோட்டுப் புத்தகம் ஒன்றை என்முன் வைத்தது. பிரித்தேன். வலமிருந்து இடமாக ஓடும் அரபு எழுத்து, பக்கம் பக்கமாக. எனக்கு ஓர் எழுத்தும் விளங்கவில்லை.

"ஓதுற பள்ளியில அரபு எழுத்துத்தான் எனக்குக் கத்துக் குடுத்தாக. தமிழெழுத்து தெரியாது. கொழும்புக்கு எங்க வீட்டுக்காரவுகளுக்கு நான் தமிழ்ல எழுதுத கடிதாசியெல்லாம் இந்த எழுத்துலதான். குற்றாலத்துல இருந்து ஆள் வரலைன்னதும், வாப்பா சொல்லச் சொல்ல இதுலயே எழுதிட்டேன். வேற என்ன செய்ய?"

"இதை யாரிடமாவது காட்டினீர்களா?"

"காட்டாம இருப்பமா? வாப்பா மவுத்துக்கு வந்தவுக, திரும்பிக் கப்பலேறதுக்கு முந்தி கொண்டு போயி வக்கீலையா கையில குடுத்துட்டுத்தான் போனாக."

அவருடைய கணவர் மசூது கொழும்பில் நூல் வியாபாரம் செய்பவர். வக்கீல் வீட்டில் நடந்ததை அவர் சொல்லிவிட்டுப் போனபடியே அந்த அம்மையார் எனக்குச் சொன்னார். வக்கீல் நோட்டைப் பிரித்ததும் எழுந்து நின்றுவிட்டாராம். இரு கைகளாலும் ஏந்திக் கண்ணில் ஒற்றிக்கொண்டாராம்.

"இது உங்க வேதமாச்சே. இதைப் போயி இங்கன கொண்டாந்துட்டீரே."

"வேதமில்ல அண்ணாச்சி. தறிப்பாட்டு, எங்க மாமா பாடுனது. தமிழுதான், எழுத்துத்தான் வேற."

"உமக்குத் தெரியாது வே. நீரு யாவாரி. புண்ணிய புஸ்தகம் இருக்க வேண்டிய இடத்துல இருக்கணும். நாளைக்கு ஒரு குத்தம் வந்துச்சுன்னா யாரு பதில் சொல்லுதது?"

பட்டுத்துணியில் சுற்றி, மேலே இரண்டு மங்குஸ்தான் பழங்களையும் வைத்து, வாசல்வரை வந்து வழியனுப்பினாராம். மதிக்கத் தெரிந்த மனிதர் வக்கீல். படிக்கத்தான் தெரியவில்லை. படிக்கத் தெரிந்தவரை அருகில் நிறுத்திக்கொண்டு, ஒரு வரி படித்துக் காட்டும் என்று கேட்கவும் தெரியவில்லை. அந்தப் பக்தியின் விளைவுதான் நாற்பத்தொன்றாம் பக்கம்.

"பழம் நல்லா இருந்துச்சு" என்றார் ஜாஹிரா பீவி.

அன்று முதல் எழுதத் தொடங்கினோம். அவர் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து படிப்பார். நான் இந்தப் பக்கம் இருந்து எழுதுவேன். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புவேன். முதல் பாடலை எழுதி முடித்தபோது அசை பிரித்துப் பார்த்தேன், ஒன்றும் இடறவில்லை. மூன்றாம் நாள் பன்னிரண்டாம் பாடலுக்குப் பிறகு அவர் 'இருபத்தொன்று' என்று படித்தார்.

"இடையில் எட்டுப் பாடல்கள் எங்கே, அம்மா?"

"அது குற்றாலத்துல பத்திரமா இருக்கு."

நான் எழுதுகோலைக் கீழே வைத்தேன்.

"கண்ணு நல்லா இருந்த காலத்துல, புதுசாப் பாடுனதை வாப்பா உங்களுக்கெல்லாம் கடிதாசிக்கு அடியில எழுதி அனுப்புவாருல்ல. அந்தப் பாட்டு வந்தா, 'இதை நீ எழுத வேண்டாம், குற்றாலத்துல பத்திரமா இருக்கு, உனக்குக் கை வலிக்கும்'னு சொல்லுவாரு. நம்பர் மட்டும் போட்டு இடம் விட்டுருக்கேன். உங்க பங்களாவுல போயிப் பாத்து எழுதிக்கிடுங்க."

நோட்டில் இருந்தவை இருநூற்றுப் பதினொரு பாடல்கள். எண்பத்தொன்பது இடங்கள் வெறுமையாக விடப்பட்டிருந்தன. நாங்கள் பத்திரமாக வைத்திருப்போம் என்று நம்பியே கண்ணிழந்த ஒருவர் அவற்றைத் திரும்பச் சொல்லாமல் இறந்திருக்கிறார்.

குற்றாலத்துக்குப் போனேன். பிச்சைமணி முதலியார் மகிழ்ச்சியோடு தம் கூடத்துக்கு அழைத்துச் சென்று, கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டியிருந்த பழைய கடிதம் ஒன்றைக் காட்டினார். கடிதம் 'தங்கள் அன்புள்ள' என்பதோடும் கையெழுத்தோடும் நின்றது.

"அடியில் பாடல் இருந்திருக்குமே?"

"இருந்துச்சு, மூணு பாட்டு. சட்டத்துக்குத் தாளு நீளமாப் போச்சு. நம்ம கடை ஆசாரி அளவாக் கத்தரிச்சுட்டான். கையெழுத்து தப்பிச்சுது பாத்தீரா, அதுவரைக்கும் சந்தோசம்."

வெட்டிய துண்டு எங்கே என்று கேட்டேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார்.

வக்கீல் வேறு வகை. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"என்ன வாத்தியாரே, மறைஞ்சு போச்சுன்னு அச்சடிச்சு ஊரெல்லாம் குடுத்தாச்சு. எத்தனை பேரு படிச்சு அழுதிருக்கான். இப்ப இருக்குன்னு சொன்னா, நாம என்ன பொய்யா எழுதினோம்?"

"ஆம்" என்றேன்.

"நீரு அந்தக் காலத்துல இருந்தே கோளாறு புடிச்ச ஆளு. என் கடிதாசியெல்லாம் பீரோவுல இருக்கு. ரெண்டாம் பதிப்பு வரட்டும், பாப்போம்."

மற்றவர்களிடம் அலைந்தேன். ஒருவர் தம் கடிதத்தை மகள் திருமணத்தில் சம்பந்திக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார். இன்னொருவர் மாற்றலாகிப் போன சப்-ரிஜிஸ்திராருக்குக் கொடுத்திருக்கிறார். ராயகிரிக்கு ஒன்று, கடையத்துக்கு இரண்டு, மதுரைக்கு ஒன்று. கை மாறிக் கை மாறி, பாராட்டத் தெரிந்த வீடுகளுக்கெல்லாம் புலவர் போய்விட்டார். என்னிடம் இருந்தவற்றையும் சேர்த்து இதுவரை முப்பத்தொரு பாடல்கள் மீண்டிருக்கின்றன. மூன்று ஆசாரியின் கத்தரியில் போயின. எஞ்சியவை ஐம்பத்தைந்து. ஜாஹிரா பீவி வெறுமையாக விட்ட இடங்களை இன்னும் அப்படியே வைத்திருக்கிறார். குற்றாலத்தில் நான் கண்டதை அவரிடம் சொல்லிவிட்டேன். "அப்ப வாப்பா சொன்னது பொய்யா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதற்குப் பதில் உம் வீட்டில் இருக்கலாம்.

ஆகவே, இதைப் படிக்கும் உம்மிடம் கேட்கிறேன். பழுப்புத் தாளில், ஊதா மையில், 'கடையநல்லூர்' என்று வலப்பக்கத் தலைப்பில் எழுதிய கடிதம் ஏதேனும் உம் வீட்டுப் பெட்டியிலோ சுவரிலோ இருக்கிறதா என்று தேடும். கடிதத்தை நீரே வைத்துக்கொள்ளும். அதன் அழகையும் நீரே அனுபவியும். அடியிலே உள்ள விருத்தங்களை மட்டும், எண்ணோடு, ஓர் எழுத்தும் திருத்தாமல் பார்த்தெழுதி, 'ஒலி முகம்மதுப் புலவர் மகள் ஜாஹிரா பீவி, நெசவாளர் தெரு, கடையநல்லூர்' என்ற விலாசத்துக்கு அனுப்பும். பாராட்டி ஒரு சொல்லும் சேர்க்க வேண்டா. ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திராமல் இன்றே எழுந்து பெட்டியைத் திறவும்.