ஒரு ஜூலை குறைச்சல்

பின்லாந்தின் கோர்ப்பிவெசி ஊர்க்காரர்களிடம் உங்கள் ஊரில் என்ன குறை என்று கேட்டால் மடை திறந்தாற்போல் கொட்டுவார்கள். என்ன நிறை என்று கேட்டால் எல்லோரும் ஷூ நுனியைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். தன்னைத் தானே மெச்சிக்கொள்ளுமாம் தவிட்டுக் கொழுக்கட்டை என்ற பழமொழியைக் கேள்விப்படாமலே அதன்படி வாழ்கிற ஜனங்கள்.

அந்த ஜூன் மாதத்தில் அவர்களிடம் அப்படிக் கேட்கவே ஒருவர் வந்து சேர்ந்தார். லூர்தெஸ் ந்யாந்தும்போ என்று பெயர். மொசாம்பிக்கில் ஆற்று நீர்மட்டம் அளக்கும் துறையில் ஒரு பெண் அதிகாரி. 2030-க்குள் பசி, படிப்பு, குடிநீர் என்று பதினேழு விஷயங்களில் முன்னேறிக் காட்டுவோம் என்று உலக நாடுகளெல்லாம் கையெழுத்துப் போட்டிருக்கின்றன அல்லவா? எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று ஒவ்வொரு நாடும் நியூயார்க்கில் போய் அறிக்கை வாசிக்க வேண்டும். தன் அறிக்கையைத் தானே எழுதினால் அது எந்த லட்சணத்தில் இருக்கும் என்பது தெரிந்ததுதானே. அதனால் பின்லாந்தும் மொசாம்பிக்கும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டிருந்தன. போன வருஷம் பின்லாந்துக்காரர்கள் மொசாம்பிக் போய்ப் பார்த்தார்கள். இந்த வருஷம் மொசாம்பிக்காரர்கள் இங்கே வருகிறார்கள்.

"மொசாம்பிக்லேருந்து வந்து நமக்கு மார்க் போடப் போறாங்களாம்" என்று பெட்ரோல் பங்க் காபிக்கடையில் ஒருவர் சிரித்தார்.

"போடட்டுமே. போன வருஷம் நம்ம ஆளுங்க அங்க போய்ப் போடலியா?" என்றாள் கல்லாவில் இருந்தவள். பேச்சு அத்தோடு முடிந்தது.

ஊராட்சியின் தண்ணீர்ப் பரிசோதகர் ஓர்வொக்கி துஹ்கானெனுக்கு அந்தச் சிரிப்பெல்லாம் காதில் ஏறவில்லை. அவளுக்கு வேறு கவலை. வயது அறுபத்திரண்டு, அக்டோபரில் ஓய்வு. முப்பத்திரண்டு வருஷமாக மாதம் ஒருமுறை ஏரிக்குப் படகில் போய், குளிர்காலமானால் பனிக்கட்டியில் துளை போட்டு, தண்ணீர் எடுத்து அளந்து நோட்டில் எழுதி வந்தவள். அவளுக்குப் பிறகு அந்த வேலைக்கு ஆள் போடுவதா, இல்லை அளப்பதையே நிறுத்திவிடுவதா என்று ஊராட்சி மன்றம் இழுத்துக்கொண்டிருந்தது. நாட்டின் அறிக்கையில் நம் ஏரி ஓர் எடுத்துக்காட்டாக இடம்பெற்றால் ஆள் போடுவோம், இல்லாவிட்டால் விட்டுவிடுவோம் என்று கடைசியில் முடிவெடுத்திருந்தார்கள்.

முதல் நாள் கூட்டத்தில் லூர்தெஸ் கேட்டார்: "சரி, குறையெல்லாம் எழுதிக்கிட்டேன். எட்டுப் பக்கம் வந்திருக்கு. இப்போ நீங்க எதை நினைச்சுப் பெருமைப்படறீங்க, சொல்லுங்க."

மேசையைச் சுற்றி ஒன்பது பேர். ஒருவர் வாயிலிருந்தும் சத்தம் இல்லை. ஊராட்சித் தலைமை அதிகாரி வெய்யோ ஹுன்னினென் தொண்டையைச் செருமினார். எல்லோரும் ஆவலோடு அவரைப் பார்க்க, அவர் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"உங்க ஊர்ல வாயத் திறந்தா வரி போடுவாங்களா?" என்றார் லூர்தெஸ்.

தலைநகர் ஹெல்சின்கி அமைச்சகத்திலிருந்து குறிப்பெடுக்க வந்திருந்த பெண் மட்டும் சிரித்தாள்.

மதியச் சாப்பாட்டுக்கு வெண்ணெயில் பொரித்த முய்க்கு மீனும் கறுப்பு ரை ரொட்டியும். விரல் நீளத்து மீனை முள்ளோடு மென்று தின்ன வேண்டியதுதான். லூர்தெஸ் இரண்டாம் தட்டு வாங்கிக்கொண்டார்.

"எங்க பிடிச்ச மீன் இது?"

வெய்யோ முள்கரண்டியால் ஜன்னலுக்கு வெளியே காட்டினார். ஏரி வெயிலில் மின்னிக்கொண்டு கிடந்தது.

"காகித ஆலைக் கழிவு விழுந்து ஒரு மீன் கூட இல்லாம செத்துப்போன ஏரின்னு ஹெல்சின்கிக்கு அனுப்பின படிவத்துல எழுதியிருக்கீங்களே, அந்த ஏரியா?"

"அதேதான்."

"மீன் திரும்பி வந்ததை ஏன் எழுதல?"

வெய்யோ கொஞ்சம் யோசித்தார். "செத்த வருஷத்தைக் கேட்டு ஒரு கட்டம் இருந்துச்சு. திரும்பி வந்ததுக்குக் கட்டம் இல்ல."

லூர்தெஸ் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். எதிரே ஓர்வொக்கி குனிந்து மீனைத் தின்றுகொண்டிருந்தாள். அவள் காது மடல் சிவந்திருந்தது. உண்மையில் அந்த ஏரிக்காக ஊர் முழுக்கப் பாடுபட்டிருந்தது. ஆலை கழிவைச் சுத்திகரித்தது, விவசாயிகள் கரையோரம் உழாமல் புல்லை விட்டுவைத்தார்கள், வீட்டுக்கு வீடு கழிவுத் தொட்டியை மாற்றினார்கள். இதையெல்லாம் சொல்லத்தான் அவளுக்கும் ஆசை. எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் காலை வெய்யோ அவள் ஆய்வு அறைக்கு இரண்டு கோப்பைக் காபியோடு வந்தார். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அவர் தானே காபி தூக்கிக்கொண்டு வந்தாலே விஷயம் விவகாரமானது என்று அவளுக்குத் தெரியும்.

"ஓர்வொக்கி, படிவத்தோட கடைசிப் பக்கத்தைப் பார்த்தியா? எடுத்துக்காட்டா எடுத்துக்கணும்னா முப்பது வருஷம் விடாம அளந்திருக்கணுமாம்."

"முப்பத்திரண்டு இருக்கே."

"விடாம."

அவள் நோட்டைப் புரட்டினாள். 2006 ஜூலை. பித்தப்பைக் கல்லுக்கு அறுவை செய்துகொண்டு அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம். மற்றவர்களெல்லாம் கோடை விடுமுறையில் போய்விட்டிருந்தார்கள். நோட்டில் அந்தக் கட்டம் காலியாகவே கிடந்தது.

"ஜூன்ல பாஸ்பரஸ் அளவு எவ்வளவு? பதினஞ்சு. ஆகஸ்ட்ல பதிமூணு. நடுவுல பதினாலுன்னு போட்டா எந்த மீன் சாகப் போவுது? பெரிய பெரிய நிபுணரே இப்படித்தான் போடறாங்க."

"அவங்க போட்டா, இது நாங்க போட்டதுன்னு கீழ எழுதுவாங்க."

"நீ எழுதாதே. அவ்வளவுதான் வித்தியாசம். பாரு, நான் ஏரிக்காகத்தான் சொல்றேன். உன் பிடிவாதத்துக்கு அதை பலி குடுத்துடாதே."

அவர் போனபிறகு காபி ஆறும்வரை அவள் உட்கார்ந்திருந்தாள். வெய்யோ கெட்டவரல்ல, அதுதான் கஷ்டம். வரும் நவம்பரில் பனி உறையும்போது துளை போட ஆள் இருக்காது என்ற நினைப்பு விடவில்லை. பென்சிலை எடுத்தாள். காலிக் கட்டத்தில் பதினாலு என்று எழுதினாள். வாழ்க்கையில் வாகன நிறுத்தத்தில்கூட விதியை மீறாதவள் முப்பத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு இந்தப் பித்தலாட்டத்தைச் செய்துவிட்டு, நோட்டை மழைக்கோட்டுப் பையில் திணித்துக்கொண்டு படகுத்துறைக்கு நடந்தாள்.

லூர்தெஸ் அங்கே ஏற்கெனவே உயிர்காப்புச் சட்டை மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். இருவர் மட்டும் போனார்கள். ஏரியின் ஆழமான இடத்தில் ஓர்வொக்கி நங்கூரம் போட்டாள். தண்ணீரின் தெளிவைப் பார்க்கும் வெள்ளைத் தட்டை எடுத்தாள். கயிற்றில் கட்டிய சாப்பாட்டுத் தட்டளவு வட்டம். இறக்கிக்கொண்டே போய், அது கண்ணுக்கு மறைகிற ஆழத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

"நான் இறக்கட்டுமா?" என்றார் லூர்தெஸ்.

கேட்டவர் எழுந்து, படகின் நிழல் விழும் பக்கமாக நகர்ந்து, கயிற்றைப் பிடி பிடியாக விட்டார். வெயில் பக்கம் இறக்கினால் கண் கூசித் தப்பாகத் தெரியும் என்பது வேலை தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். ஓர்வொக்கி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நாலு மீட்டர் இருபது" என்றார் லூர்தெஸ். "முதல்ல எவ்வளவு இருந்துது?"

"அறுபது சென்டிமீட்டர். தொண்ணூத்தி மூணுல. அப்போ இங்க துடுப்பைப் போட்டா நுனி தெரியாது."

"அம்மாடி! இதையும் படிவத்துல எழுதலியா?"

ஓர்வொக்கி தோளைக் குலுக்கினாள். லூர்தெஸ் சிரித்துக்கொண்டே நோட்டை வாங்கிப் புரட்டினார். அவர் பக்கங்களை வேகமாகப் பார்க்கவில்லை. ஒவ்வொரு மாதத்தையும் விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். மழையில் ஊறிய பக்கம், காபி சிந்திய பக்கம், கை விறைத்துக் கோணலாக எழுதிய ஜனவரிகள். 2006-இல் விரல் நின்றது.

"இது மட்டும் வேற பென்சிலா இருக்கே. புதுசா மினுங்குது."

ஓர்வொக்கியின் முகத்தில் ஈயாடவில்லை. கையும் களவுமாகப் பிடிபட்டவளுக்குப் பொய் சொல்லக்கூட வரவில்லை. "இன்னிக்குக் காலைல எழுதினேன். அந்த ஜூலைல நான் ஆஸ்பத்திரில இருந்தேன். அளக்கல."

"ஏன் எழுதினீங்க?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மன்றத்தின் முடிவு, விடாத முப்பது வருஷம், அக்டோபர். வெய்யோ பெயரை மட்டும் சொல்லவில்லை. அவள் அவ்வளவு சேர்ந்தாற்போல் பேசிப் பல வருஷம் ஆகியிருக்கும்.

லூர்தெஸ் தட்டின் கயிற்றைச் சுருட்டி வைத்தார். "எங்க பக்கம் ஒரு ஆறு. சண்டை நடந்த வருஷங்கள்ல அளவுகோல் பக்கம் யாரும் போக முடியல. ஆறு வருஷம் காலி. அப்புறம் ஆபீஸ்ல யாரோ ஒரு நல்ல மனுஷன், பாக்க நல்லா இல்லியேன்னு சராசரி போட்டு ரொப்பிட்டான். அந்தக் கணக்கை நம்பிப் பாலம் கட்டினாங்க. மூணாவது வெள்ளத்துல போச்சு."

"ஆளுங்க?"

"பாலத்து மேல அப்போ யாரும் இல்ல. ஆனா அக்கரைல பிரசவ வலி எடுத்த ஒருத்தி இருந்தா. ஆஸ்பத்திரி இக்கரைல." நோட்டை மூடி அவள் மடியில் வைத்தார். "நோட்டு உங்களோடது. நான் பாக்க வந்தவ, அவ்வளவுதான்."

படகு மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. ஓர்வொக்கி பையில் ரப்பரைத் தேடினாள். தேய்த்தாள், தூளை ஊதினாள், மறுபடி தேய்த்தாள். கட்டம் பழையபடி காலியானது. கொஞ்சம் அழுக்காகவும் ஆனது. ஏரிக்குத் தன் கையாலேயே முடிவு கட்டிவிட்டதாக நினைத்துக்கொண்டுதான் அவள் கரைக்குத் துடுப்புப் போட்டாள். ஆனாலும் மூச்சு லேசாக வந்தது. கரையில் நின்ற வெய்யோவிடம் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொன்னாள்: "காலியாத்தான் இருக்கு. அப்படியே போவட்டும்."

வெய்யோ ஏரியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "கழுதை" என்றார். ஆனால் அவள் கையிலிருந்த தண்ணீர் சீசாப் பெட்டியை வாங்கிக்கொண்டு கூடவே நடந்தார்.

மூன்றாம் நாள் வாசிப்பு. இந்த ஏற்பாட்டில் ஒரு வழக்கம் உண்டு. பார்க்க வந்தவர்கள் கண்டதை உள்ளூர்க்காரர் முன்னாலேயே வாசிக்க வேண்டும். உள்ளூர்க்காரர்கள் சண்டை போடக்கூடாது, கெஞ்சவும் கூடாது. தகவலில் பிழை இருந்தால் மட்டும் கையைத் தூக்கிச் சொல்லலாம். பிழை கண்டுபிடிப்பதில் கோர்ப்பிவெசிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன? ஒன்பது பேரும் பென்சிலைத் தீட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். முதல் மூன்று பக்கத்துக்குள் பதினோரு திருத்தம். பேருந்து நேரம் ஒன்று, பள்ளிக்கூடத்தின் கூரை ஓடு ஒன்று.

நாலாம் பக்கத்தில் ஏரி வந்தது. லூர்தெஸ் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"இந்த ஊரில் முப்பத்திரண்டு ஆண்டுகளாக மாதந்தோறும் ஏரியை அளக்கிறார்கள். அளக்காத மாதத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள். படிவம் கேட்கும் 'விடாத' கணக்கு இவர்களிடம் இல்லை. அந்த நிபந்தனையை மாற்ற வேண்டும் என்று நாங்கள் பரிந்துரைக்கிறோம். காலிக் கட்டத்தைக் காலியாகவே காட்டுகிற கணக்கைத்தான் மற்ற நாடுகள் நம்பிப் பின்பற்ற முடியும். இந்த ஏரி நியூயார்க்கில் சொல்லப்பட வேண்டும். அளப்பது தொடர வேண்டும். மொசாம்பிக்கின் ஆறுகளிலும் இனி இப்படியே செய்ய நான் சொல்லப்போகிறேன்."

ஹெல்சின்கிப் பெண், "நிபந்தனை எங்களோடதுதான், மாத்திடலாம்" என்று சொல்லியபடியே எழுதிக்கொண்டாள். வெய்யோ மூக்கைச் சிந்தினார். சளி பிடித்திருந்ததாகப் பிறகு சொன்னார்.

லூர்தெஸ் கடைசி வரியை வாசித்தார்: "இந்த ஊர் மக்கள் தங்கள் ஏரியை நினைத்துப் பெருமைப்படுகிறார்கள்." தாளைக் கீழே வைத்தார். "தகவல்ல பிழை ஏதாவது உண்டா?"

எட்டுத் தலைகள் ஓர்வொக்கி பக்கம் திரும்பின. தப்பான காற்புள்ளியைக்கூட விடாதவள் அவள்தானே. அவள் கை மெல்ல உயர்ந்தது. போச்சுடா என்று வெய்யோ கண்ணை மூடிக்கொண்டார்.

"நாலாம் பக்கம்" என்றாள் ஓர்வொக்கி. "முப்பத்திரண்டு வருஷம்னு இருக்கு. அதுல ஒரு ஜூலை குறைச்சல்."

"எழுதிக்கிட்டேன்" என்றார் லூர்தெஸ். "கடைசி வரி?"

ஓர்வொக்கி ஷூ நுனியைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்தாள். அறையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"அதுல பிழை இல்ல."